அவ்வளவு ஒன்றும் மோசமில்லை

கணவன் டெல்மர் பிக்கப் வண்டிக்குள் உட்கார்ந்து ரொட்டி தின்பதை ஆர்டிஸ் அடுப்படி ஜன்னல் வழியாகப் பார்த்துக்கொண்டிருந்தாள். வெளியே மூக்கு நுனி மரத்துப்போகிற குளிர். மருந்து ஏற்றுவதற்கு முன்னால் அவள் எதுவும் சாப்பிடக்கூடாது என்று கிளினிக்கில் சொன்னதிலிருந்தே டெல்மருக்குத் தான் ஏதோ தப்பு செய்துவிட்ட மாதிரி இருந்தது. நீ பட்டினி கிடக்கும்போது உன் எதிரில் நான் எப்படிச் சாப்பிடுவேன் என்று வாய்விட்டுச் சொல்லத் தெரியாத மனிதன். "வண்டிய சூடு பண்ணிட்டு வரேன்" என்று முனகிவிட்டு, வெண்ணெய் தடவிய ரொட்டியைக் கோட்டுப் பைக்குள் செருகிக்கொண்டு போய்விட்டான். திரும்பி வந்தபோது ஒன்றும் அறியாத முகம்.

"வண்டி சூடாயிடுச்சா?"

"ஆச்சு."

"மீசையிலயும் கொஞ்சம் சூடு ஒட்டியிருக்கு. தொடச்சுக்க."

சொன்ன பிறகு அவளுக்கே ஆச்சரியமாக இருந்தது. அவள் இப்படிப் பேசி எத்தனையோ நாளாகிவிட்டது. டெல்மர் மீசையைத் துடைத்தபடி அவளைப் பார்த்தான். சிரித்தால் எங்கே காரியம் கெட்டுவிடுமோ என்று பயந்தவன்போலச் சிரிக்காமல் நின்றான்.

மூன்று குளிர்காலமாக ஆர்டிஸுக்கு இந்த மனச்சோர்வு. அழுகையோ கோபமோ இருந்தால்கூடச் சமாளித்திருப்பாள். அவளுக்கு எதுவுமே இல்லை. ஊர்ப் பள்ளிக்கூடத்துச் சமையலறையில் பெரிய பாத்திரத்துக் குழம்பை ருசி பார்ப்பாள். உப்பு சரியாக இருக்கிறது என்று நாக்கு சொல்லும், அவள் கையும் கரண்டியைக் கீழே வைக்கும். அதற்கு மேல் ஒன்றும் நடக்காது. மாத்திரைகளை மாற்றி மாற்றிப் பார்த்தாயிற்று. ஒன்று தூங்க வைத்தது, இன்னொன்று குண்டாக்கியது. கடைசியில்தான் கெட்டமைன் என்ற மருந்தை நரம்பு வழியாகச் சொட்டுச் சொட்டாக ஏற்றிப் பார்க்கலாம் என்றார்கள். பெயரைக் கேட்டதும் டெல்மருக்குத் தூக்கிவாரிப்போட்டது. "அது நம்ம மாட்டு டாக்டர் குதிரைக்குப் போடறதுல்ல?" என்றான். பிறகு இரண்டு நாள் யோசித்துவிட்டு, "ஆனா அந்தக் குதிரைங்க நல்லாத்தான் இருந்துச்சு" என்று அவளைத் தேற்றினான்.

கதகதப்பான போர்வை, கண்ணை மறைக்க ஒரு பட்டி, கேட்பதற்கு வார்த்தை இல்லாத இசை, இதெல்லாம் கொண்டுவரச் சொல்லியிருந்தார்கள். இசைக்கு டெல்மர் பொறுப்பெடுத்துக்கொண்டான். போனை எட்டப் பிடித்துக்கொண்டு ஒரு வாரம் அதோடு மல்லுக்கட்டினான். முதலில் கல்யாண வீட்டில் வாசிக்கிற போல்கா ஆட்ட இசையைப் போட்டுக் காட்டினான். "இதக் கேட்டா ஊசியோட எழுந்து ஆடிடுவேன்" என்றாள் ஆர்டிஸ். அடுத்து ஓடைத் தண்ணீரின் சத்தம். "இதக் கேட்டா பாத்ரூம் போகணும்." ஒருவழியாக நிதானமான செல்லோ வாத்திய இசை ஒன்று அகப்பட்டது. அது ஓடிக்கொண்டிருக்கும்போதே டெல்மர் நாற்காலியில் குறட்டை விட ஆரம்பித்ததால் அதுவே சரி என்று முடிவானது. மற்றவர்களிடம் பல் வைத்தியத்துக்குப் போவதாகச் சொன்னாள். "மூணு வாரம் ஏத்துவாங்களாமே, உனக்கு எத்தன பல்லுதான் இருக்கு?" என்றான் டெல்மர்.

அமெரிக்காவின் வடக்கோரத்து மின்னசோட்டாக்காரர்களைப் பற்றி ஒன்று சொல்ல வேண்டும். காபி வேண்டுமா என்று கேட்டால் வேண்டாம் என்பார்கள். இரண்டாம் தடவையும் வேண்டாம்தான். மூன்றாம் தடவை கேட்டால், "சரி, அரை கப் குடுங்க, உங்களுக்குச் சிரமமில்லன்னா" என்பார்கள். முதல் தடவையே கைநீட்டி வாங்கிக்கொள்கிறவனை அவர்கள் ஒரு மாதிரியாகப் பார்ப்பார்கள். எப்படி இருக்கீங்க என்ற கேள்விக்கும் ஒரே பதில்தான், "அவ்வளவு ஒண்ணும் மோசமில்ல." விளைச்சல் கொட்டோ கொட்டென்று கொட்டினாலும் அதே பதில், களஞ்சியம் தீப்பிடித்து எரிந்தாலும் அதே பதில். குரல் எவ்வளவு இறங்குகிறது என்பதை வைத்துத்தான் கேட்கிறவர் புரிந்துகொள்ள வேண்டும். ஆர்டிஸ் இந்தப் பழக்கத்தில் ஊறியவள். குழந்தை பிறக்கிற வலியில்கூட நர்ஸிடம் "உங்களுக்கு வேற வேல இருந்தா பாருங்க" என்றவள்.

கிளினிக்கில் சாய்வு நாற்காலி தயாராக இருந்தது. உள்ளூர்ப் பெண்ணான நர்ஸ் போர்வையை வாங்கி மடியில் விரித்துவிட்டாள். இரத்த அழுத்தம் பார்க்கிற பட்டை இடது கையில் ஏறியது. அப்போதுதான் டாக்டர் டெல்கடோ வந்தார். டெக்சாஸ்காரர், இந்தக் குளிருக்குப் புதியவர், கோட்டுக்குள் இரண்டு ஸ்வெட்டர் போட்டிருந்தார். முழு மனதோடு சிரிக்கிறவர், வாயில் வருவதே மனதில் இருப்பது என்று நம்புகிறவர்.

"சொல்லுங்க ஆர்டிஸ், இப்ப எப்படி இருக்கு?"

"அவ்வளவு ஒண்ணும் மோசமில்ல, டாக்டர்."

"அடடே. தூக்கம்?"

"பரவாயில்ல."

"சாப்பாட்டுல விருப்பம்?"

"குறை சொல்ல ஒண்ணுமில்ல. என்னவிடக் கஷ்டப்படறவங்க எவ்வளவோ பேர் இருக்காங்க."

டாக்டரின் முகம் மலர்ந்தது. நல்ல செய்திதான் என்றார். இவ்வளவு தேறியிருக்கும்போது இந்த மருந்துக்கு அவசரப்பட வேண்டியதில்லை, ஒரு மாதம் தள்ளிப்போட்டுப் பார்க்கலாம் என்றார். "என்ன சொல்றீங்க?"

"உங்களுக்கு எது சவுகரியமோ அப்படி" என்றாள் ஆர்டிஸ். கை தானாகப் போர்வையை மடிக்க ஆரம்பித்தது. வீட்டுக்குப் போக வேண்டும். நாளைக்கும் குழம்பு, கரண்டி, உப்பு. இந்த ஒரு மாதத்தைத் தன்னால் கடக்க முடியாது என்று அவளுக்கு நன்றாகத் தெரிந்தது. ஆனாலும் மரியாதைக்காரியின் சிரிப்பு முகத்திலிருந்து இறங்க மாட்டேன் என்றது. நர்ஸ் தொண்டையைக் கனைத்தாள். டாக்டருக்கு அது இருமலாகத்தான் பட்டது.

"டாக்டர்" என்றான் டெல்மர். மூலையில் தொப்பியை மடியில் வைத்துக்கொண்டு பிடித்துவைத்த பிள்ளையாராக உட்கார்ந்திருந்தவன். அடுத்தவர் பேச்சுக்கு நடுவில் அவன் வாயைத் திறந்ததை ஆர்டிஸ் பார்த்ததே இல்லை. "எங்க ஊர்ல 'மோசமில்ல'ன்னு சொன்னா ஆம்புலன்ஸக் கூப்பிடணும்னு அர்த்தம். எங்கப்பா கால் டிராக்டருக்கு அடியில மாட்டினப்ப அதத்தான் சொன்னாரு."

டாக்டர் நர்ஸைப் பார்த்தார். நர்ஸ் ஆமாம் என்று தலையாட்டினாள். அவர் ஒரு ஸ்டூலை இழுத்துப் போட்டு ஆர்டிஸுக்கு நேரே உட்கார்ந்தார். இந்தத் தடவை சிரிக்கவில்லை. "உங்க வாயால நான் கேக்கணும். உண்மையிலேயே எப்படி இருக்கு?"

ஆர்டிஸ் மடித்த போர்வையைப் பார்த்தாள். டெல்மரைப் பார்க்கவில்லை, பார்த்தால் சொல்ல முடியாது.

"காலையில கண்ண முழிச்சதும், ஐயோ முழிச்சிட்டோமேன்னு இருக்கு. தினமும்."

டாக்டர் அவசரப்படாமல் இன்னும் சில கேள்விகள் கேட்டார். தன்னைத்தானே ஏதாவது செய்துகொள்ளத் தோன்றுகிறதா என்றும் நேராகவே கேட்டார். செய்துகொள்ளத் தோன்றவில்லை, இல்லாமல் போனால் நிம்மதி என்று தோன்றுகிறது என்றாள். இதுவரை யாரிடமும் சொல்லாததை முன்பின் தெரியாத டெக்சாஸ்காரரிடம் சொல்லிக்கொண்டிருந்தாள். சொல்லச் சொல்ல மூச்சு ஆழமாக வந்தது. "இன்னிக்கே ஆரம்பிச்சிடலாம்" என்றார் டாக்டர்.

"பக்கத்துலயேதானே படுத்திருக்கேன், எனக்குத் தெரியலியே" என்றான் டெல்மர். "காபி கொண்டு வந்தா நீ அந்தப் பக்கம் திரும்பிப் படுத்துக்குவ. அதனாலதானா?"

"இல்ல. அது உன் காபியால" என்றாள் ஆர்டிஸ். "நல்லாவே இருக்காது, டெல்மர். கல்யாணமான நாள்லேருந்தே."

நர்ஸ் முகத்தைத் திருப்பிக்கொண்டாள். தோள்கள் குலுங்கின. டெல்மர் வாயைப் பிளந்தான். பிறகு அடிவயிற்றிலிருந்து ஒரு சிரிப்பு கிளம்பி, கண்ணில் நீர் தளும்ப, மூலையிலேயே உட்கார்ந்து சிரித்தான். "வேற என்ன?" என்றான்.

"கூடத்துல இருக்கே பச்ச சோபா. உங்கக்கா குடுத்தது. அதப் பாத்தாலே எனக்குக் குமட்டுது."

"எனக்குந்தான்" என்றான் டெல்மர். ஆர்டிஸுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. சிரிப்பில் இரத்த அழுத்தம் ஏறுகிறது, கொஞ்சம் பொறுங்கள் என்று நர்ஸ் இரண்டு பேரையும் அதட்ட வேண்டியிருந்தது. தனக்கு இப்போது சந்தோஷமாக இருக்கிறது என்பதை ஆர்டிஸ் தெளிவாக உணர்ந்தாள். மருந்து இன்னும் மேலே தொங்குகிற பையை விட்டு இறங்கவே இல்லை.

போர்வை மறுபடி மடியிலிருந்து கால்வரை விரிந்தது. வலது கையில் ஊசி ஏறியது. காதில் செல்லோ. நர்ஸ் கண்பட்டியை நெற்றியில் வைத்துவிட்டு, மிதக்கிற மாதிரி இருக்கும், பயப்பட வேண்டாம், நான் இங்கேயேதான் இருப்பேன் என்றாள். டெல்மரிடம், "வேணும்னா அவங்க கையப் பிடிச்சுக்கலாம்" என்றாள்.

டெல்மர் கிட்டே வந்தான். ஒரு கையில் பட்டை, மறு கையில் ஊசியும் குழாயும். எதைப் பிடிப்பது என்று தெரியாமல் இரண்டு பக்கமும் போய்ப் பார்த்தான். பிறகு நாற்காலியின் கால்மாட்டுக்கு நடந்து, தரையில் மண்டியிட்டு, போர்வைக்குள் கையை விட்டு, கம்பளிக் காலுறை போட்ட அவளுடைய வலது பாதத்தைப் பிடித்துக்கொண்டான்.

"போதுமா?"

கண்பட்டி இறங்கிக்கொண்டிருந்தது. "போதாது" என்றாள் ஆர்டிஸ், முதல் தடவையிலேயே. "ரெண்டையும் பிடி."