முப்பத்திரண்டு குருத்து

குருத்து கையோடு வந்துவிட்டது. லம்சிரா பலமாக இழுக்கவில்லை. இரண்டு விரலால் சும்மா பிடித்துத்தான் பார்த்தாள். பனையின் நடுவில் ஈட்டி மாதிரி நிற்க வேண்டிய இளம் ஓலை, அடி பழுப்பாகக் குழைந்து, செத்த எலியின் நாற்றத்தோடு அவள் கையில் தொங்கியது.

அடுத்த மரத்தின் பிளாஸ்டிக் உறையை அவிழ்த்தாள். அதிலும் அதே கதை. முப்பத்திரண்டு மரத்தையும் அவிழ்த்து முடிக்கும்போது ஆறு குருத்து வரப்பில் கிடந்தது. ஏப்ரல் இரண்டாம் ஞாயிறுக்கு இன்னும் ஐந்து வாரம்தான் இருந்தது.

அன்றைக்குக் கொழுந்தன் ரமாஸ் வருவான். மலைச்சரிவில் படிபடியாக வெட்டிய அந்த அடுக்கு நிலம் அவள் புருஷன் ஜெமாலுக்கும் ரமாஸுக்கும் பொது. ஜெமால் துருக்கியில் சாரம் கட்டும் வேலையில் இருந்தான். நிலத்தில் குனிந்து நிமிர்ந்தவள் இவள் ஒருத்திதான். ரமாஸுக்கு அங்கே ஹேசல் கொட்டைச் செடி வைக்க வேண்டும். மலையில் எல்லோரும் அதைத்தான் வைத்தார்கள். போன அக்டோபரில், பக்கத்து வீட்டு முர்மானைச் சாட்சியாக உட்கார வைத்துப் பேசி முடித்திருந்தான்.

"குளிர் முடிஞ்சதும் நானே வந்து ஒவ்வொரு குருத்தா இழுத்துப் பாப்பேன் அண்ணி. கையோட வந்தா அது செத்த மரம். பத்துக்கு மேல செத்திருந்தா மிச்சத்தையும் பிடுங்கிட்டு ஹேசல் வைப்பேன். இல்லேன்னா இந்த நிலத்தைப் பத்தி நான் வாயே தொறக்க மாட்டேன்."

அவள் சரி என்றாள். என்ன செய்வது, பாதி நிலம் அவனுடையது.

பத்தூமியில், கடலோர நாற்றுப்பண்ணையில், இருபத்திரண்டு வருஷம் தொட்டி சுமந்தவள் அவள். கடற்கரையைத் தாண்டி இந்த அலங்காரப் பனை மலையேறாது என்று முதலாளியிலிருந்து லாரி ஓட்டுகிறவன் வரை சொல்வார்கள். உதிர்ந்து கிடந்த விதைகளை ஒருநாள் சட்டைப்பையில் போட்டுக்கொண்டு வந்து, பழைய தக்காளி டின்களில் முளைக்க வைத்தாள். ஒன்பது வருஷத்தில் அவை அவள் நெஞ்சளவு வளர்ந்திருந்தன.

தப்பு எங்கே என்று நாற்றத்திலேயே அவளுக்குப் புரிந்துவிட்டது. பண்ணையில் நவம்பர் வந்தால் பனைக்குப் பிளாஸ்டிக் சுற்றுவார்கள். அங்கே கடல்காற்று ஓயாமல் அடித்து உறைக்குள் இருக்கும் ஈரத்தை உறிஞ்சிவிடும். இங்கே மூடுபனி இறங்கினால் வாரக்கணக்கில் நகராது. பிப்ரவரியில் வெயில் வேறு அடித்தது. கை பழகிய வேலையை அப்படியே மலைக்குக் கொண்டுவந்து, தன் மரங்களைத் தானே அவித்திருந்தாள்.

வேலிக்கு அந்தப் பக்கம் முர்மான் மாட்டுக்குத் தண்ணீர் காட்டிக்கொண்டு நின்றார்.

"என்ன லம்சிரா, பிள்ளைங்களுக்குச் சட்டையைக் கழட்டுறியா? ரேடியோ கேக்கலையா? வியாழக்கிழமையிலேர்ந்து பனியாம்."

"கேட்டேன் அண்ணே."

"கேட்டுமா அவுக்கிற? ரமாஸுக்கு வேலை மிச்சம்."

அவள் வாளியை எடுத்துவந்தாள். திராட்சைக் கொடிக்குப் பூஞ்சை மருந்தாக வைத்திருந்த மயில்துத்தத்தையும் சுண்ணாம்பையும் வாளியில் கரைத்து, அழுகலைக் கரண்டிக் காம்பால் சுரண்டியெடுத்துவிட்டு, ஒவ்வொரு மரத்தின் நெஞ்சிலும் ஒரு கரண்டி ஊற்றினாள். மூன்று நாள் திறந்தே விட்டாள். காய்ந்தது. புதன்கிழமை மதியம் எதிர்மலையில் மேகம் உட்கார்ந்தபோது, பனியைத் தடுக்கவும் வேண்டும், மூச்சும் விட வேண்டும், அப்படி என்ன இருக்கிறது என்று யோசித்துக்கொண்டு நின்றாள். கண் போய் முர்மானின் மக்காச்சோளத் தட்டைப் போரில் நின்றது.

"முடியாது" என்றார் முர்மான், அவள் வாயைத் திறப்பதற்குள்.

"நான் இன்னும் கேக்கவே இல்லையே."

"நீ பாக்கிற பார்வையே கேக்குது. புல் முளைக்கிற வரைக்கும் என் மாடு எதைத் தின்னும்? உன் பனையோலையையா?"

"பாதிப் போர் போதும். பனி முடிஞ்சதும் திருப்பித் தர்றேன்."

"மயில்துத்தம் பட்ட தட்டையையா? மாட்டைக் கொல்றதுக்கா?"

"அப்ப திருப்பித் தரல. ஜூன்ல உங்க மேட்டுப் புல்லு முழுக்க நான் ஒருத்தியா அறுத்துத் தர்றேன்."

"ஏ பொண்ணே, அந்தச் சரிவுல போன வருஷம் ரெண்டு ஆம்பளைங்க அறுத்துட்டு ஒரு வாரம் படுத்துக் கெடந்தானுங்க."

"அவனுங்க படுப்பானுங்க. நான் படுத்து நீங்க பாத்திருக்கீங்களா?"

முர்மான் மாட்டைப் பார்த்தார், மேகத்தைப் பார்த்தார். "பசு என்னைத் திட்டும். உன்னையும் சேத்துத் திட்டும்" என்று முனகிக்கொண்டே முதல் தட்டைக்கட்டை அவரே தூக்கிவந்து வேலிக்கு மேலாகப் போட்டார்.

ஓலைகளைத் தளரக் கூட்டிக் கட்டி, சுற்றிலும் தட்டையைக் கூம்பாக நிறுத்தி, உச்சியில் கயிறு போட்டு இறுக்கினாள். முப்பத்திரண்டாவது முடிச்சுப் போடும்போது உள்ளங்கை கிழிந்திருந்தது.

வியாழன் மதியம் தொடங்கிய பனி இரண்டு நாள் கொட்டியது. ஈரப்பனி, ஈயம் மாதிரி கனம். கூம்புகள் சாயச் சாய, வரிசை வரிசையாகப் போய் வாரியின் பின்புறத்தால் தட்டிவிட்டாள். சனிக்கிழமை மாலை மழைமேலங்கி பலகையாய் விறைத்து, கையை மடக்க முடியாமல் போனது. ஞாயிறு காலை வானம் துடைத்துவிட்ட மாதிரி நீலமாக இருந்தது. முர்மானின் தொழுவத்துச் சுவரில் தொங்கிய வெப்பமானி மைனஸ் பதின்மூன்று காட்டியது.

அன்றைக்கு அவள் தட்டவில்லை. வரப்பில் புதிதாக விழுந்திருந்த பொடிப்பனியை மண்வாரியால் அள்ளி, கூம்புகளின் இடுப்புவரை குவித்தாள்.

"நேத்து தட்டிவிட்டே, இன்னிக்கு அள்ளிப் போடுறே" என்றார் முர்மான். "பனிக்கே குழப்பமாயிடும்."

"நேத்து பெஞ்சது ஒடிக்கும் அண்ணே. இது கம்பளி மாதிரி, போத்திக்கும்."

அவர் உள்ளே போனார். திரும்பி வரும்போது கூரைப்பனி தள்ளும் பெரிய மரவாரி அவர் தோளில் இருந்தது.

குளிர் எட்டு நாள் விடவில்லை. உள்ளே என்ன ஆனது என்று பார்க்க அவள் கை அரித்தது, ஒன்றைக்கூடத் திறக்கவில்லை. மார்ச் கடைசியில் தட்டையைப் பிரித்தபோது ஓலை நுனிகள் சுட்ட ரொட்டி மாதிரி கருகியிருந்தன. குருத்துகளை அவள் தொடவில்லை. ஆசைப்பட்டு இழுத்து இழுத்துப் பார்த்தே பிழைக்கிற மரத்தைச் சாகடித்தவர்களைப் பண்ணையில் நிறையப் பார்த்திருந்தாள்.

ரமாஸ் சொன்ன ஞாயிறன்று சொன்னபடி வந்தான். லாரியில் ஹேசல் செடிகளையே ஏற்றிக்கொண்டு வந்திருந்தான்.

"கருகிப்போய் நிக்குதே அண்ணி. கணக்கு எதுக்கு, நேரா மண்வெட்டியை எடுக்கலாமே?"

"இழு" என்றாள் லம்சிரா. "இழுத்துப் பாக்கிறேன்னுதானே சொன்னே."

முர்மான் கவிழ்த்த வாளியில் உட்கார்ந்து விரல் விட்டு எண்ணினார். குருத்தில்லாத ஆறையும் ரமாஸ் முதலிலேயே சாவுக்கணக்கில் சேர்த்துவிட்டான். மேல்வரிசையில் இரண்டு கையோடு வந்தன. எட்டு. நடுவரிசை அசையவில்லை. ஒரு மரத்தில் அவன் இரண்டு கையாலும் பிடித்து, காலை ஊன்றித் தொங்கினான். பூட்ஸ் சேற்றில் வழுக்க, மல்லாக்க விழுந்தான்.

"மரம் செத்துச்சா, நீ செத்தியா?" என்றார் முர்மான்.

கீழ்வரிசையில் இரண்டு வந்தன. பத்து. கடைசிக்கு முந்திய மரம் கொஞ்சம் முரண்டு பிடித்துவிட்டு, சட்டென்று அறுந்து வந்தது.

"பதினொண்ணு!" ரமாஸ் அதைக் கொடி மாதிரி தூக்கிக் காட்டினான். "பேச்சுன்னா பேச்சு."

கடைசி மரம் அசையவில்லை. அதை அவன் கணக்கிலேயே எடுக்கவில்லை.

"இன்னும் ஆறு பாக்கி இருக்கு" என்றாள் லம்சிரா.

"எது?"

"நீ இழுக்காமயே செத்ததுன்னு சொன்ன ஆறு. ஒவ்வொரு குருத்தா இழுப்பேன்னுதானே பேச்சு. இழு."

"இழுக்க அதுல என்ன இருக்கு?"

அவள் முதல் மரத்தின் கருகிய ஓலைகளை இரண்டு கையாலும் விலக்கிப் பிடித்தாள். நெஞ்சுக் குழியில், மயில்துத்தக் கறைக்கு நடுவே, கட்டைவிரல் பருமனில் பச்சையாக ஒன்று நின்றது. நுனி கத்தரியால் நறுக்கியது போல மொட்டை. அழகில்லைதான், ஆனால் பச்சை.

ரமாஸ் முர்மானைப் பார்த்தான்.

"என்னை எதுக்குப் பாக்கிறே? இழு தம்பி."

இழுத்தான். விரல்தான் வழுக்கியது. மறுபடி நகம் பதிய இழுத்தான். அசையவில்லை. இரண்டாவது, மூன்றாவது, நான்காவது மரங்களும் அப்படித்தான். ஐந்தாவதன் குழி வெறுமையாக, கறுப்பாக இருந்தது. ஆறாவதில் நெல்லளவுதான் தெரிந்தது. அதைப் பிடிக்கக்கூட அவன் விரலுக்கு இடமில்லை.

"அதைச் செத்ததாவே வெச்சுக்கோ" என்றாள் லம்சிரா தாராளமாக. "மொத்தம் எத்தனை அண்ணே?"

"ஏழு" என்றார் முர்மான். வாளியிலிருந்து எழுந்து இடுப்பைத் தேய்த்துக்கொண்டார். "இருபத்தஞ்சு உயிரோட நிக்குது. நான் சாட்சி. மைனஸ் பதின்மூணுக்கும் நான் சாட்சி."

லம்சிரா சிரித்தாள். அந்தக் குளிர்காலத்தில் முதல்முறையாக அடிவயிற்றிலிருந்து வந்த சிரிப்பு. எதிர்ச்சரிவில் வேலை செய்துகொண்டிருந்தவர்கள் நிமிர்ந்து பார்த்தார்கள். ரமாஸ் சட்டையில் ஒட்டிய சேற்றைத் தட்டினான். லாரியில் ஹேசல் வேர்கள் வெயிலில் காய்ந்துகொண்டிருந்தன.

"இத்தனை செடியை நான் எங்க கொண்டுபோய் வைக்க?" என்றான் ஒருவழியாக.

"கீழே சும்மா கெடக்கிற ஓடைக்கரை அடுக்குல வை. நானும் குழி எடுத்துத் தர்றேன். ஆனா கிழக்கோரம் ரெண்டு வரிசையை விட்டுடு."

"அது எதுக்கு?"

"வீட்டுக்குப் பின்னாடி டின்ல அறுபது கன்னு முளைச்சு நிக்குது."

ரமாஸ் அந்த மொட்டைக் குருத்தை இன்னொருமுறை குனிந்து பார்த்தான். லாரிக்குப் போய் மண்வெட்டியை எடுத்துக்கொண்டு வந்தான்.

"பனைக்குப் பனை எத்தனை அடி விடணும் அண்ணி?"

"எட்டு" என்றாள்.