பழைய பதிப்புகளை நீக்கவா?

டீனா மேசை இழுப்பறையை உருவித் தரையில் கவிழ்த்தாள். மெமரி கார்டுகள், பேட்டரிகள், யார் யாருடையதோ கல்யாண ஆல்பத் தாள்கள். அண்ணன் க்ளென்னின் படம் ஒன்றுகூட இல்லை. ஆஸ்டின் டவுனில் பாதிப் பேருக்குக் கல்யாணப் படம் எடுத்தவன், நேற்று மாலை மாடிப்படியில் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தான், எழவில்லை. இப்போது கூடத்தில் ஐஸ் பெட்டிக்குள் கிடக்கிறான், தலைமாட்டில் வைக்க ஒரு படமில்லாமல்.

"கெடச்சிதாம்மா?" பக்கத்து வீட்டு ஹெர்பர்ட் அங்கிள் கதவருகே நின்றார். "பேகா பாரு, டைம் இல்ல. ஃபாதர் நாலு மணின்னா நாலுதான். பிரேம் போடவே ஒரு மணி நேரம் ஆவும்."

"பாக்கறேன் அங்கிள்."

மணி இரண்டு. ஒரு இடத்தில் உட்கார முடியவில்லை. நின்றபடியே கம்ப்யூட்டரைப் போட்டாள்.

அந்தக் கம்ப்யூட்டர் அவளுக்குப் பழக்கம்தான். இரண்டு மாதத்துக்கு முன் படத்தைத் திருத்தும் மென்பொருளின் புதிய பதிப்பை வாங்கி, ஆபீஸில் இருந்தபடியே இதில் ஏற்றியவள் அவள்தான். முக்கால்வாசி ஏறியதும் திரை கேட்டது: பழைய பதிப்புகளை நீக்கவா? டிக் அதுவாகவே விழுந்திருந்தது. இங்கே அதே திரையைப் பார்த்துக்கொண்டிருந்த க்ளென் போனில் அலறினான்.

"பழசத் தொடாத டீனா!"

"எடம் அடைக்குதுண்ணா. ரெண்டையும் வெச்சிக்கினு என்ன பண்ணப் போற?"

"தொடாதன்னா தொடாத."

போனை வைத்துவிட்டான். அவள் டிக்கை எடுத்தாள். ஆனால் மனசு ஆறவில்லை. ஆறு வருஷத்துக்கு முன் அவள் சந்திரனை ரெஜிஸ்டர் ஆபீஸில் கட்டியபோது, "கோயில்ல நடக்காத கல்யாணத்துக்கு நான் வரமாட்டேன்" என்று வீட்டிலேயே உட்கார்ந்துகொண்டவன். அதன் பிறகு எண்ணெய் வற்றிய திரி மாதிரி ஏதோ கொஞ்சம் பேச்சு ஒட்டிக்கொண்டிருந்தது. இந்தப் போன் சண்டையோடு அதுவும் அணைந்தது. நான் கொடுக்கிற எதுவும் அவனுக்கு வேண்டாம் என்று சந்திரனிடம் அழுதாள். அப்புறம் அவள் போன் பண்ணவில்லை. அவனும் பண்ணவில்லை. நேற்றிலிருந்து அவளைத் தின்றுகொண்டிருந்தது அதுதான்.

புதிய பதிப்பைத் திறந்தாள். கடைசியாகத் திறந்த கோப்புகள் என்று ஒரு நீளப் பட்டியல். எல்லாம் மற்றவர்கள் கல்யாணம். அவன் பெயரைப் போட்டுத் தேடியதும் ஒன்றே ஒன்று வந்தது: 'க்ளென் கோட்டு'. அப்பாடா என்று திறந்தால், பழைய கருவியில் செய்த சில பகுதிகளைக் காட்ட முடியாது என்றது திரை. படத்தின் நடுவே வெள்ளையாக ஓர் ஓட்டை.

வேறு வழியில்லை. பழைய பதிப்பைத் திறந்தாள். அது ஆடி அசைந்து வந்தது. அதன் பட்டியலில் அந்த ஒரு கோப்பு மட்டும்தான். முந்தாநாள் சேமித்திருக்கிறான்.

திறந்தது அவளுடைய கல்யாணப் படம்.

சந்திரனின் நண்பன் எடுத்தது. அம்மாவின் தோளில் டீனா கை போட்டிருந்த படம். அம்மாவைக் கொஞ்சம் தள்ளி நிறுத்தி, நடுவே க்ளென் நின்றான், யாரோ ஒரு மாப்பிள்ளையின் கோட்டை வெட்டி மாட்டிக்கொண்டு. அவளுடைய மருதாணிக் கை அவன் தோளில் இருந்தது. விரல்களின் ஓரங்களை மயிரிழை பிசகாமல் வெட்டியிருந்தான். காலடியில் நிழல் மட்டும் இன்னும் வரவில்லை.

பக்கத்தில் அடுக்கடுக்காக அவன் முகங்கள். பதினொன்று. பல்லைக் காட்டுவது, உதட்டோடு சிரிப்பது, தலை குனிந்தது. ஒன்றைத் தவிர மற்றவற்றை மறைத்து வைத்திருந்தான். தங்கை கல்யாணத்தில் எந்த முகத்தோடு நிற்பது என்று இத்தனை நாள் தெரியாமல் உட்கார்ந்திருக்கிறான்.

"லூசு," என்றாள் டீனா. "வந்திருக்கலாம் இல்ல? சும்மா வந்திருக்கலாம் இல்ல?" வாயைப் பொத்திக்கொண்டு அழுதாள்.

"டீனா!" வெளியே ஹெர்பர்ட் அங்கிள்.

முகத்தை மாற்றவில்லை. லேசாக, கூச்சத்தோடு சிரித்த அந்த முகத்தையே வைத்து, மார்பளவுக்குக் கத்தரித்துத் தனியாக எடுத்தாள். மூடும்போது, மாற்றங்களைச் சேமிக்கவா என்று கேட்டது. வேண்டாம் என்றாள்.

மூன்றே முக்காலுக்குப் பிரேம் போட்டுப் படம் வந்தது. தலைமாட்டில் வைத்து மாலை போட்டார்கள். அம்மா ஐரின் ஜெபமாலையை நிறுத்திவிட்டு மூக்குக்கண்ணாடியைத் துடைத்துப் பார்த்தாள்.

"கோட்டு எப்ப வாங்கினான் இவன்?" என்றாள். பிறகு, "தோள்ல அது யாரு கை?"

"என்னுதுதான் மம்மி."

அம்மா எக்கி, அந்தக் கையைப் பாதி மறைத்திருந்த மாலையைக் கொஞ்சம் ஒதுக்கிவிட்டாள்.