மூன்று வரித் தலைப்பு

கொதிக்கிற எண்ணெயில் மாவுத் துண்டுகளை அள்ளிப் போட்டுக்கொண்டிருந்தபோது சைகலின் கோட்டுப் பைக்குள் தம்பியின் ஃபோன் மறுபடியும் துள்ளியது. காலையிலிருந்து இது ஒன்பதாவது தடவை. ஃபோனுக்குச் சொந்தக்காரன் முற்றத்துக் கம்பளிக் கூடாரத்தில் மூன்றாம் நாளாகப் படுத்திருக்கிறான். அவன் ஃபோனுக்கு மட்டும் ஓய்வு இல்லை.

உறவுக்காரர்கள் யாராவது வழி கேட்டுக் கூப்பிடுவார்கள் என்றுதான் அதைப் பையில் போட்டுக்கொண்டாள். உறவுக்காரர்கள் எல்லோரும் வழி கேட்காமலே வந்துவிட்டார்கள். செய்தி அனுப்பினதெல்லாம் ரஷ்யப் பக்கத்து ஓம்ஸ்க் ஊர்க்காரி வலென்டினா என்று யாரோ ஒருத்தி. மாவு ஒட்டிய விரலால் திரையைத் தேய்த்துப் படித்தாள்.

'வணக்கம் திலேக். உங்கள் மாதிரிப் பதிவை மறுபடியும் அழித்தேன். மறுபடியும் வந்துவிட்டது. என் வலைப்பூவில் வெள்ளரிக்காய் ஊறுகாய்க்கு மேலே உட்கார்ந்திருக்கிறது. தயவுசெய்து பதில் போடுங்கள்.'

"ஊறுகாயாம் ஊறுகாய்! இங்க ஒருத்தன் செத்துக் கிடக்கான், இவளுக்கு ஊறுகாய்க்கு மேல எது உட்கார்ந்திருக்குன்னு கவலை" என்று அடுப்பைப் பார்த்துக் கத்தினாள் சைகல். கத்தினதில் ஒரு மாவுத் துண்டு கருகிப்போனது.

திலேக்குக்கு முப்பத்தாறு வயது. கல்யாணம் ஆகவில்லை. பிஷ்கெக் நகரத்தின் வடக்கு ஓரத்தில், அப்பா விட்டுப்போன இரண்டு அறை வீட்டில், நிலக்கரி அடுப்புக்குப் பக்கத்திலேயே மேசையைப் போட்டு உட்கார்ந்திருப்பான். அடுப்புக்குப் பக்கத்திலேயேதான் செத்தும் போனான். புகைபோக்கிக்குள் கரி அப்பி, போதாததற்குக் காக்கை வேறு கூடு கட்டியிருந்தது. புகை வெளியே போக வழியில்லாமல் அறைக்குள் திரும்பிவிட்டது. தூக்கத்திலேயே முடிந்துவிட்டது என்றார் ஆம்புலன்ஸில் வந்தவர், ஏதோ நல்ல செய்தி சொல்வதுபோல.

சுத்தம் பண்ணுடா, சுத்தம் பண்ணுடா என்று ஒவ்வொரு அக்டோபரிலும் தொண்டை வறளச் சொன்னவள் சைகல். சொல்லிச் சொல்லிப் பார்த்துவிட்டு, கடைசியில் அவளே ஒரு ஆளைக் கூட்டிக்கொண்டு வந்து கூரையில் ஏற்றுவாள். இந்த வருஷம் மட்டும் ஏற்றவில்லை. 'என்னமோ பண்ணித் தொலை' என்று விட்டுவிட்டாள். மூன்று நாளாக அவள் தொண்டையில் நிற்கிற முள் அதுதான்.

"அடியே சைகல்" என்று சமையல் கொட்டகைக்குள் நுழைந்தாள் பாத்மா சித்தி. எழுபது வயது. சுற்று வட்டாரத்தில் எந்தச் சாவு வீட்டிலும் ஒப்பாரிக்கு முதல் குரல் அவளுடையதுதான். "மதியத் தொழுகை முடிஞ்சதும் தூக்கிடுவாங்க. தூக்குறப்ப கூடப்பிறந்தவதான் சொல்லணும். மனசுக்குள்ள கட்டி வச்சிருக்கியா?"

"என்னத்தைச் சித்தி கட்டுறது?"

"அவன் என்ன செஞ்சான்னு சொல்லு. உங்கப்பன் போனப்ப அவன் வெட்டின வாய்க்காலை ஒண்ணு விடாம எண்ணிச் சொன்னேன்ல? அந்த மாதிரி."

"தீம் செஞ்சான்."

"என்னது?"

"வலைப்பூன்னு கம்ப்யூட்டர்ல எழுதுறாங்கல்ல, அவங்க பக்கம் எப்படித் தெரியணும்னு செஞ்சு குடுப்பான். எழுத்து எவ்வளவு பெருசு, ஓரம் எவ்வளவு விடணும், என்ன நிறம்..."

"எழுதுறது இவனா?"

"இல்ல. யாரோ."

"படம்?"

"அதுவும் அவங்களோடது."

"அப்ப இவன் என்னதான்டி செஞ்சான்?"

சைகலுக்குப் பற்றிக்கொண்டு வந்தது. சித்தி கேட்டதற்காக அல்ல. பன்னிரண்டு வருஷமாக அவளே அவனிடம் கேட்ட கேள்வி இது. 'நல்லா செஞ்சிருந்தா நான் எதுவுமே செஞ்ச மாதிரி தெரியாது அக்கா' என்று சிரிப்பான். இப்படி ஒரு பதிலை வைத்துக்கொண்டு ஒப்பாரி பாட முடியுமா?

"சரி விடு, நானே பார்த்துக்கிறேன்" என்றாள் சித்தி. "குதிரை மேல வந்தா குன்றே அசையும்னு ஆரம்பிச்சா எல்லா ஆம்பளைக்கும் பொருந்தும்."

"அவன் ஒன்பது வயசுல குதிரைலேர்ந்து விழுந்தவன் சித்தி! அதுக்கப்புறம் குதிரை இருக்கிற தெருவுலயே நடக்க மாட்டான்."

"செத்தவன் எழுந்து வந்தா மறுக்கப்போறான்?"

சித்தி போய்விட்டாள். வேலிக்கு வெளியே, புதிதாக வந்த ஆண்கள் வழக்கப்படி வாசலுக்கு முன்பிருந்தே "ஐயோ என் தம்பியே!" என்று உரக்க அழுதபடி வந்தார்கள். அதில் பாதிப் பேருக்கு அவன் முகமே சரியாகத் தெரியாது. இன்னும் ஒரு மணி நேரத்தில் அவனை வேறு எவனோ ஒரு குதிரைக்காரனாக்கி அனுப்பிவிடுவார்கள். குறுக்கே நின்று தடுக்கக் கூடப்பிறந்தவளுக்கு ஒரு வார்த்தை கிடைக்கவில்லை. சட்டுவத்தை எண்ணெய்க்குள்ளேயே போட்டுவிட்டு வெளியே வந்தாள்.

கேட்டுக்குப் பக்கத்தில், பனியில் கால் மாற்றி மாற்றி நின்றுகொண்டிருந்தாள் ஒரு பெண். தலையில் புதுத் துணி. கட்டத் தெரியாமல் கட்டியிருந்தாள். திலேக்கோடு சேர்ந்து வேலை செய்கிற ஜிபெக் என்றாள். அவனுடைய லேப்டாப்பைப் பழுது பார்க்கக் கொடுத்திருந்தானாம், திருப்பிக் கொண்டுவந்திருக்கிறாள்.

"நல்ல நேரத்துல வந்தே" என்றாள் சைகல். "முதல்ல இந்த வலென்டினாவுக்கு ஒரு வழி பண்ணு. ஒன்பது தடவை ஆச்சு."

ஜிபெக் ஃபோனை வாங்கிப் பார்த்தாள். "இவங்களா? மாதிரிப் பதிவை அழிச்சிட்டு, உடனே 'மாதிரிகளைக் கொண்டுவா'ங்கிற பொத்தானை அவங்களே அழுத்துறாங்க. அண்ணன் நாலு தடவை பொறுமையா விளக்கியிருக்காரு."

"எங்கேயோ இருக்கிறவளுக்கெல்லாம் பொறுமை. கூடப்பிறந்தவ ஃபோன் பண்ணினா எடுக்க மாட்டான்."

"எடுக்க மாட்டாருதான்" என்றாள் ஜிபெக். அப்புறம் தயங்கினாள். "ஆனா நீங்க அனுப்புற குரல் செய்தி எல்லாத்தையும் கேட்பாரு அக்கா. கேட்டுக் கேட்டு டைப் அடிப்பாரு."

"எதுக்கு?"

ஜிபெக் சுவரில் சாய்ந்து லேப்டாப்பைத் திறந்தாள். "ஒரு தீம் செஞ்சா அதுல நிரப்பிக் காட்ட ஏதாவது எழுத்து வேணும், அதுதான் மாதிரிப் பதிவு. மத்தவங்க அர்த்தமில்லாத எதையாவது கொட்டிடுவாங்க. அண்ணனுக்கு அது பிடிக்காது. மனுஷங்க பேசுற மாதிரி இருந்தாத்தான் பக்கம் தாங்குமான்னு தெரியும்னு சொல்வாரு. அதுலயும் தலைப்பு ரொம்ப நீளமா வந்தா ரெண்டு வரி, மூணு வரின்னு மடங்கும். மடங்கினாலும் அசிங்கமா இருக்கக் கூடாது. அதைச் சோதிக்க முடிவே இல்லாத ஒரு வாக்கியம் வேணும்." அவள் லேசாகச் சிரித்துவிட்டு உடனே நிறுத்திக்கொண்டாள். "அதுக்கு உங்களை விட்டா ஆள் இல்லைன்னு சொல்வாரு."

திரையில் வெள்ளைப் பக்கம் ஒன்று விரிந்தது. நாலு பக்கமும் தாராளமாக ஓரம். நடுவில், கறுப்பில், மூன்று வரிக்கு மடங்கி நின்றது ஒரு தலைப்பு. அவர்களுடைய சொந்த மொழியில்.

'அக்டோபர் முடியுது, புகைபோக்கியைச் சுத்தம் பண்ணுடா, ஏறப் பயமா இருந்தா ஆளைக் கூப்பிடு, ஆளைக் கூப்பிடக் கூச்சமா இருந்தா என்கிட்ட சொல்லு, நானே ஏறுறேன், நாற்பது தாண்டினாலும் உன்னைவிட நல்லாவே ஏறுவேன்.'

அதற்குக் கீழே மூன்று பத்தி. பழைய பூட்ஸை மாற்றச் சொன்னது. ஆட்டுக் கறி கொடுத்தனுப்பினதைக் கெட்டுப்போவதற்குள் தின்னச் சொன்னது. ஜன்னலைக் கொஞ்சம் திறந்து வைத்துத் தூங்கச் சொன்னது. ஒரு வார்த்தை மாற்றவில்லை. இடையில் அவள் இருமியதைக்கூட 'க்ஹும்' என்று போட்டிருந்தான்.

"இது என்னிக்குச் செஞ்சது?"

"மூணு வருஷமாச்சு. அவர் செஞ்சதுலயே அதிகம் பேர் எடுத்துக்கிட்டது இதுதான். இருபதாயிரத்துச் சொச்சம் பேர். பாதிப் பேர் மாதிரிப் பதிவை அழிக்கிறதே இல்ல. என்ன மொழின்னே தெரியாது, அழகா இருக்குன்னு விட்டுடுவாங்க. பிரேசில்ல ஒரு பல் டாக்டர் பக்கத்துல இன்னும் இருக்கு."

சைகலுக்கு வந்ததே கோபம்!

"பாவி! பல் டாக்டர் வரைக்கும் சொல்லியிருக்கான். ஒரு எழுத்து விடாம கேட்டிருக்கான். காதுல விழலையோன்னு நினைச்சேனே, தலைப்புல வச்சிருக்கானே! எல்லாத்தையும் செஞ்சான், அந்தக் கூரை மேல மட்டும் ஏறலை!"

முற்றத்தில் இருந்தவர்கள் திரும்பிப் பார்த்தார்கள். தொழுகைக்கு ஆண்கள் வரிசை கட்டத் தொடங்கியிருந்தார்கள்.

தொழுகை முடிந்து, அவனை வெளியே எடுக்கக் கூடாரத்தின் கம்பளியைத் தூக்கினார்கள். உள்ளே பெண்கள் வெளிப்பக்கம் முதுகு காட்டி வட்டமாக உட்கார்ந்திருந்தார்கள். பாத்மா சித்தி இடுப்பில் கை ஊன்றி, மூச்சை இழுத்து, "குதிரை மேல வந்தா..." என்று எடுத்தாள்.

"இருங்க சித்தி" என்றாள் சைகல்.

ஒப்பாரியை யாரும் இப்படி நிறுத்தியதில்லை. சைகல் கூடாரத்தின் மரச் சட்டத்தைப் பார்த்துக்கொண்டு, அழாமல், திட்டுகிற குரலிலேயே ஆரம்பித்தாள்.

"அக்டோபரு முடியுதுன்னு அக்கா நான் சொன்னேனே,
ஆளைக் கூப்பிடக் கூச்சமுன்னா என்னைக் கூப்பிடச் சொன்னேனே,
கேட்டதெல்லாம் எழுதி வச்சே, கேட்டபடி செய்யலையே,
ஊரான் ஊரான் வாசலெல்லாம் என் பேச்சைத் தொங்கவிட்டே,
ஓரம் பார்த்து, இடமும் பார்த்து, ஒழுங்கா வச்ச என் தம்பி,
உன் வீட்டுப் புகை போக ஒரு வழியை வைக்கலையே,
வருஷா வருஷம் வந்தேனே, இந்த வருஷம் வரலையே,
இந்த வருஷம் மட்டும்தான்டா, இந்த வருஷம் வரலையே..."

கடைசி வரியை விட்டு அவளால் நகர முடியவில்லை. அதையே சொன்னாள். பாத்மா சித்தி எதற்கு ஓரம், என்ன வாசல் என்று எதையும் கேட்கவில்லை. அந்த வரியைத் தன் குரலில் வாங்கிக்கொண்டாள். மற்றவர்களும் வாங்கிக்கொண்டார்கள். ஆண்கள் அவனைத் தூக்கிக்கொண்டு போனார்கள்.

அங்கே பெண்கள் இடுகாட்டுக்குப் போகிற வழக்கமில்லை. வண்டிகள் கிளம்பின கையோடு பக்கத்து வீட்டுக்காரர்கள் கூடாரத்தைப் பிரித்தார்கள். ஜிபெக் தேநீர்க் கிண்ணங்களைக் கழுவினாள், ஒன்றை உடைத்தாள், மன்னிப்புக் கேட்டாள்.

சைகல் வாசல் படியில் உட்கார்ந்தபோது ஃபோன் துள்ளியது. பத்தாவது தடவை.

'திலேக், நான் தோற்றுவிட்டேன். இருந்துவிட்டுப் போகட்டும், பார்க்க அழகாகத்தான் இருக்கிறது. என் பக்கத்தில் இருப்பது என்ன என்று எனக்குத் தெரிய வேண்டாமா? அதில் என்ன எழுதியிருக்கிறது என்றாவது சொல்லுங்கள்.'

வலென்டினாவின் பக்கத்தைத் திறந்தாள். ஊறுகாய் ஜாடிகள் வரிசையாக நின்றன. அவற்றுக்கு மேலே மூன்று வரியில் சைகலுடைய பேச்சு. ஜாடிகளுக்குப் பின்னால் சுண்ணாம்பு பூசின பெரிய செங்கல் அடுப்பு. அதன் மேல்விளிம்பில் கரி படிந்திருந்தது.

மாவு காய்ந்த கட்டைவிரலால் ரஷ்ய மொழியில் ஒவ்வொரு எழுத்தாகத் தட்டினாள்.

'புகைபோக்கியைச் சுத்தம் பண்ணச் சொல்லி எழுதியிருக்கிறது. உங்கள் வீட்டில் பண்ணியாயிற்றா?'

அனுப்பினாள். அடியில் மூன்று புள்ளிகள் வந்தன. வலென்டினா ஏதோ எழுதுகிறாள். புள்ளிகள் மறைந்தன. திரும்ப வந்தன. முற்றம் முழுக்கப் பனி கிடக்க, கூடாரம் நின்ற இடத்தில் மட்டும் வட்டமாகக் காய்ந்த மண் தெரிந்தது. சைகல் ஃபோனைப் பையில் போடாமல் கையிலேயே வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள்.