டிரைவர் சீட்டுக்கு அடியில்

ஒரு வருஷமாக அவள் ஒரே ஒரு விஷயத்தைத்தான் சொல்லிக்கொண்டிருந்தாள். ஜீப்பில் பெட்ரோல் நாறுகிறது. ஏறி உட்கார்ந்தால் நாறுகிறது, மேடு ஏறும்போது இன்னும் நாறுகிறது, வீட்டுக்கு வந்து புடவை மாற்றினால் கழற்றிப் போட்ட புடவையும் நாறுகிறது. இதைச் சொன்னதற்கு அவளுக்குக் கிடைத்தது மூக்கில் விடும் சொட்டு மருந்து.

ஆமாம், சொட்டு மருந்து. டேங்கைப் பாருங்கள் என்றால் மூக்கைப் பார்க்க அழைத்துப்போன வீடு அது. "உனக்கு இருக்கறது மூக்கா, மோப்ப நாயா?" என்று வீட்டுக்காரர் சிரித்தார். "பழைய வண்டின்னா அப்படித்தான் அண்ணி வாசம் வரும்" என்று கொழுந்தன் தீர்ப்புச் சொன்னான். அவன் அந்த வண்டியில் ஏறியே பல வருஷம் ஆகிறது. டாக்டர் டார்ச் அடித்துப் பார்த்துவிட்டு, சளி இருக்கிறது என்றார். சளி யாருக்குத்தான் இல்லை?

ஜீப் மாமனாருடையது. அவளைவிட வயதில் மூத்தது. நாலு சக்கரமும் சேர்ந்து இழுக்கும். கல்லோ சேறோ, முனகிக்கொண்டே ஏறிவிடும். அவள் செடி வளர்த்து விற்பவள், எல்லோருக்கும் 'செடிக்கார அக்கா'. மேட்டு வீடுகளுக்கு மண்ணும் தொட்டியும் கன்றுமாக ஏற்றிக்கொண்டு போக அந்த வண்டியை விட்டால் வேறு கதியில்லை. போகிற வழியில் மகளைப் பள்ளியில் இறக்கிவிடுவாள். மகள் பின்னால் தொட்டிகளுக்கு நடுவே உட்கார்ந்து வாய்ப்பாடு சொல்லிக்கொண்டே வருவாள். அந்தக் குரலைக் கேட்கும்போதெல்லாம் இவளுக்கு ஒரே நினைப்புதான். ஒரு பொறி பட்டால் போதுமே, பிள்ளை என்ன ஆவாள்?

வீட்டுக்காரரைப் பற்றிக் குறை சொல்ல ஆயிரம் இருந்தாலும் ஜீப் விஷயத்தில் அவளுக்கு அவர்மேல் ஒரு பெருமை உண்டு. மனிதர் ஊதித் தள்ளுகிறவர். மொட்டை மாடி, குளியலறை, ஆஸ்பத்திரி வாசல், எங்கேயும் சிகரெட். ஜீப்பில் மட்டும் தொடமாட்டார். நிறுத்தச் சொல்லி, இறங்கி, நன்றாகத் தள்ளிப் போய் நின்று பிடித்துவிட்டு வருவார். "அப்பா உட்கார்ந்த வண்டி. அதுல புகை விட மனசு வரல" என்பார். முன்பெல்லாம் இப்படி இல்லை. வயதாக ஆக அப்பாமேல் பாசம் கூடுகிறது போலும் என்று நினைத்துக்கொண்டாள். அக்கம்பக்கத்தில் சொல்லிப் பெருமைகூடப் பட்டிருக்கிறாள்.

அன்று காலை ஜீப் நின்ற இடத்தில் ஈரம் தெரிந்தது. இந்தமுறை அவள் யாரையும் கேட்கவில்லை. அந்தக் காலத்து ஜீப்பில் பெட்ரோல் டேங்க் டிரைவர் சீட்டுக்கு நேர் அடியில்தான் இருக்கும். ஓட்டுகிறவர் டேங்க்மேல் உட்கார்ந்துதான் ஓட்ட வேண்டும். சாக்கை விரித்து, டார்ச்சோடு வண்டிக்கு அடியில் புகுந்து படுத்தாள்.

டேங்கின் அடி விளிம்பு துருவேறி அரித்துப் போயிருந்தது. அந்த அரிப்பின்மேல் துணி துவைக்கும் மஞ்சள் சோப்பு, கட்டை விரலால் அழுத்தி அப்பியபடி. நடுவழியில் டேங்க் ஒழுகினால் வீடு வந்து சேரும்வரை தாங்கட்டும் என்று வண்டிக்காரர்கள் செய்கிற அவசர வைத்தியம் அது. டேங்கிலிருந்து இன்ஜினுக்குப் போகும் பைப்பைத் தொட்டதும் துரு செதில் செதிலாக முகத்தில் உதிர்ந்தது. ரப்பர் ட்யூபின் வெடிப்பில் கறுப்பு டேப்பைச் சுற்றி வைத்திருந்தார்கள்.

அவளுக்கு மூக்குக்கு மேல் கோபம் வந்தது. அந்த மூக்கு ஒருநாளும் பொய் சொல்லவில்லை.

கூப்பிட்ட குரலுக்கு வீட்டுக்காரர் ஓடிவந்தார். குனிந்துகூடப் பார்க்காமல், "எல்லாம் அந்த சோடாபுட்டி பண்ண வேலை!" என்றார்.

சோடாபுட்டி தெருமுனை மெக்கானிக். கண்ணாடியின் கனத்துக்கு ஏற்ற பெயர். ஜீப்பைப் போன வருஷம் அவனிடம் விட்டு எடுத்தது அவளுக்கு நினைவிருந்தது. இன்ஜினை முடுக்காமல், நாலு பேரைத் தள்ளச் சொல்லி, வண்டியை அவன் பட்டறை வாசலிலேயே கொண்டுபோய் நிறுத்தினாள். அதுவரை அவனிடம் வாங்க போங்க என்றே பேசியவள், அன்று 'நீ'க்கு இறங்கிவிட்டாள்.

"சோப்பு வெச்சு அடைச்சியே, நீயெல்லாம் மனுஷனா? என் பிள்ளைய பின்னால உக்கார வெச்சு தினமும் ஓட்டறேன். தெரியுமா தெரியாதா உனக்கு?"

பட்டறையில் இருந்த அத்தனை பேரும் வேலையை விட்டுவிட்டுப் பார்த்தார்கள். சோடாபுட்டி கண்ணாடியைத் துடைத்து மாட்டினான். "அக்கா, சத்தியமா நான் டேங்க் பக்கமே போகல. சார் ஹார்ன் மட்டும் சரி பண்ணச் சொல்லித்தான் விட்டாரு."

"யார் காதுல பூ சுத்தற?"

அவனை உண்டு இல்லை என்று பண்ணிவிட்டுத்தான் ஓய்ந்தாள். ஆனாலும் அந்த வண்டியைத் தொடத் தெரிந்தவன் அங்கே அவன் ஒருவன்தான். "டேங்கு, பைப்பு, ட்யூபு, எல்லாம் புதுசு. நான் இங்கயே உக்காந்து பாப்பேன்" என்றாள்.

அவன் வேலையைத் தொடங்கினான். முதலில் பேட்டரி வயரைக் கழற்றினான். டேங்கில் இருந்த பெட்ரோலைக் கேனுக்கு இறக்கினான். சீட்டை எடுத்து, டேங்கைக் கட்டியிருந்த பட்டைகளைத் தளர்த்தி, அதைக் குழந்தையைத் தூக்குவதுபோல் இரண்டு கையாலும் தூக்கி வெளியே வைத்தான். சோப்பை ஸ்க்ரூடிரைவரால் நெம்பிப் பார்த்தான்.

"அக்கா, இதப் பாருங்க. அடியில காஞ்சது, அதுக்கு மேல ஒண்ணு, அதுக்கு மேல இன்னும் பச்சையா ஒண்ணு. யாரோ விடாம வெச்சுட்டு வந்திருக்காங்க. வண்டி எங்கிட்ட வந்தே ஒரு வருஷமாச்சே."

"பேச்ச மாத்தாத. வேலையப் பாரு" என்றாள். அவள் சொன்னதை ஒரு வருஷமாக யாரும் காதில் போட்டுக்கொள்ளவில்லை. இப்போது அவளும் அதையேதான் செய்தாள்.

புதிய டேங்க் வண்டியின் இரும்புச் சட்டத்தில் உரசாமல் இருக்க அடியில் கனத்த நார்த்துணி விரித்தான். பழைய பைப்பைத் தரையில் போட்டு, அதன் வளைவைப் பார்த்துப் பார்த்துப் புதிய இரும்புப் பைப்பை வளைத்தான். சைலன்சர் சூடு படாதபடி தள்ளி, கிளிப் போட்டு நிறுத்தினான். இரண்டு முனையிலும் புது ரப்பர் ட்யூப். மறுநாள் சாயங்காலம் பெட்ரோல் ஊற்றி இன்ஜினை ஓடவிட்டார்கள். அவன் ஒவ்வொரு இணைப்பையும் விரலால் தடவிப் பார்த்தான். அவள் ஒவ்வொன்றிலும் மூக்கை வைத்துப் பார்த்தாள். இரும்பு வாசமும் பெயின்ட் வாசமும்தான் வந்தன. அவளுக்கு அழுகையே வந்துவிட்டது. அவனிடம் ஒரு வார்த்தையும் சொல்லாமல் ஏறிக்கொண்டாள்.

மகளும் வீட்டுக்காரரும் வாசலில் காத்திருந்தார்கள். ஒரு சுற்றுப் போய்ப் பார்க்கலாம் என்று மேட்டு ரோட்டில் விட்டாள். ஜீப் பழையபடி முனகியது, ஆனால் நாற்றம் இல்லை. பின்னால் மகள் பதினாலாம் வாய்ப்பாட்டில் தடுக்கிக்கொண்டிருந்தாள்.

பக்கத்தில் வீட்டுக்காரர் மூச்சை நன்றாக இழுத்துவிட்டார். "அப்பாடா" என்றார். காலை நீட்டிச் சாய்ந்துகொண்டார். சட்டைப் பையிலிருந்து சிகரெட்டை எடுத்து உதட்டில் வைத்து, தீக்குச்சியை உரசிப் பற்றவைத்தார்.

அவள் பிரேக்கை மிதித்த மிதியில் மகள் முன் சீட்டில் வந்து மோதினாள்.

"என்ன அது?"

"எது?"

"கையில."

"ஒண்ணே ஒண்ணுதான்…"

"மாமா உக்காந்த வண்டின்னீங்களே. மனசு வரலன்னீங்களே."

அவர் சிகரெட்டைப் பார்த்தார், அவளைப் பார்த்தார். அவளுக்கு மூன்று அடுக்குச் சோப்பும் கண்முன் வந்தது. அவளுக்கு நாறியதெல்லாம் அவருக்கும் நாறியிருக்கிறது. நாறியதால்தான் அப்படித் தள்ளிப் போய் நின்றிருக்கிறார். இதைப் போய்ப் பாசம் என்று ஊரெல்லாம் சொல்லிக்கொண்டு திரிந்தோமே என்று அவளுக்கு உடம்பெல்லாம் எரிந்தது.

"உங்களுக்குத் தெரியும். சோப்பு வெச்சதும் நீங்கதான்."

"நீ பயந்துடுவேன்னுதான்… அடுத்த மாசம் பாத்துக்கலாம்னு ஒவ்வொரு மாசமும்…"

"நான் பயந்துடுவேன்னு எனக்கு மூக்குல மருந்து விட்டீங்க. நீங்க பயந்து தீக்குச்சியத் தூக்கிட்டுத் தள்ளிப் போனீங்க. நானும் இவளும் இதுக்குள்ளயே உக்காந்திருந்தோம்."

"கத்தாத, பிள்ளை இருக்கா."

"பிள்ளை ஒரு வருஷமா இருக்கா. இறங்குங்க."

"இங்கயா? நடு ரோட்டுலயா?"

"எப்பவும் இறங்கித்தானே பிடிப்பீங்க?"

அவர் இறங்கினார். அவள் வண்டியைத் திருப்பினாள். மகள் இரண்டு சீட்டுக்கும் நடுவில் தலையை நீட்டினாள்.

"எங்கம்மா போறோம்?"

"சோடாபுட்டி மாமா பட்டறைக்கு. அத்தனை பேரும் வீட்டுக்குப் போறதுக்குள்ள போகணும். அவங்க முன்னாலதான் கத்தினேன், அவங்க முன்னாலயே மன்னிப்பும் கேக்கணும்."

"அப்பா?"

"அப்பா நிதானமா பிடிச்சு முடிச்சிட்டு வரட்டும்."