சந்தானம் வீட்டு வாசலில்

"வரும்போதே கொஞ்சம் போட்டுட்டுதாம்மா வந்தான். படுத்துட்டுக் காலைல போடான்னு எவ்வளவோ சொன்னேன். கேக்கலை."

திருமூர்த்தியின் உடலை வைத்திருந்த ஃப்யூனரல் ஹோமில், வந்திருந்த தமிழ்க் குடும்பங்கள் எல்லோருக்கும் கேட்கும்படி சந்தானம் இதைச் சொன்னார். ஹூஸ்டன் தமிழர்கள் நடுவில் அவர் பேச்சுக்கு மதிப்பு உண்டு. சங்கத் தலைவர், சொந்தமாக ஒரு கன்சல்டிங் கம்பெனி, ஷுகர்லேண்டில் பெரிய வீடு, அந்த வீட்டுக்குள்ளேயே ஒரு பார். அவருடைய தீபாவளிப் பார்ட்டியிலிருந்து திரும்பும்போதுதான் ஃப்ரீவே பாலத்துச் சுவரில் கார் மோதித் திருமூர்த்தி போனான். அவன் மனைவி வான்மதி அன்று பார்ட்டிக்குப் போகவில்லை. மகன் அகிலனுக்குக் காய்ச்சல்.

அவள் அப்போது தலையை மட்டும் ஆட்டினாள். புருஷனைப் பறிகொடுத்தவளிடம் வேறென்ன இருக்கும்? ஆனால் உள்ளே ஏதோ நெருடியது. கல்யாணமாகி ஒன்பது வருஷத்தில் திருமூர்த்தி வீட்டில் ஒரு பீர் பாட்டில் வைத்ததில்லை.

ஜனவரியில் ஒருநாள் குமாரசாமி வந்தான். சந்தானம் கம்பெனியில் வேலை. அவனுடைய கிரீன் கார்டுக்கு அவர்தான் அப்ளை பண்ணியிருந்தார். சோஃபாவின் நுனியில் உட்கார்ந்து, கொடுத்த காப்பியைத் தொடாமலே பேசினான்.

"அண்ணன் குடிச்சுட்டு வரலைங்க. வந்தப்ப நல்லாத்தான் இருந்தாரு. சந்தானம் சார்தான் ஊத்தி ஊத்திக் கொடுத்தாரு. அண்ணன் வேணாம் வேணாம்னாரு. 'என்னடா, பொண்டாட்டி பெல்ட்டால அடிப்பாளா'ன்னு கேட்டு எல்லாரையும் சிரிக்க வெச்சாரு. கடைசியில அண்ணன் நிக்க முடியாம, சோஃபால படுத்துக்கறேன்னு சொன்னாரு. சாரோட சம்சாரம் ஷ்யாமளா மேடம் கார் சாவியை வாங்கி உள்ள வெச்சுட்டாங்க. சார் போயி அதைப் பிடுங்கிட்டு வந்து அண்ணன் கையில திணிச்சாரு. 'ஆம்பளையா இருந்தா ஓட்டிட்டுப் போ'ன்னாரு."

வான்மதி ஆறிப்போன காப்பியை எடுத்து ஓரமாக வைத்தாள்.

"இதை எல்லார் முன்னாடியும் சொல்லுவீங்களா?"

குமாரசாமி தரையைப் பார்த்தான். "என் பேப்பர்ஸ் எல்லாம் அவர்கிட்ட இருக்குங்க."

அவள் ஒரு வக்கீலைப் பார்த்தாள். அவர் பொறுமையாகக் கேட்டார். டெக்ஸாஸில் ஒரு பார்காரன் நிதானமில்லாதவனுக்கு ஊற்றிக் கொடுத்தால் அவன்மேல் வழக்குப் போடலாம், வீட்டுக்கு அழைத்து ஊற்றிக் கொடுத்தவன்மேல் போட முடியாது, உச்ச நீதிமன்றமே சொல்லிவிட்டது என்றார். வருத்தத்தோடு கதவு வரை வந்து வழியனுப்பினார்.

அந்த ஸ்பிரிங் செமஸ்டரில் அவள் கம்யூனிட்டி காலேஜில் அக்கவுண்டிங் படித்துக்கொண்டிருந்தாள். டெக்ஸாஸில் எதைப் படித்தாலும் அமெரிக்க வரலாறு கட்டாயம். வேண்டாவெறுப்பாகத்தான் அந்த வகுப்பில் உட்கார்ந்தாள். மார்ச் மாதம் ஒரு அத்தியாயம் வந்தது. பத்தொன்பதாம் நூற்றாண்டின் பிற்பகுதியில் விவசாயிகளும் தொழிலாளிகளும் பெண்களும் எப்படிச் சங்கம் கட்டினார்கள் என்று. இதே டெக்ஸாஸில் பருத்தி விவசாயிகள் கடைக்காரனிடம் கடனில் சிக்கிச் சீரழிந்து, சேர்ந்து வாங்குவோம் சேர்ந்து விற்போம் என்று கிளம்பியதைப் படித்தபோது அவளுக்கு அப்பா ஞாபகம் வந்தார். கரண்ட் சார்ஜை ஏற்றினார்கள் என்று கட்டை வண்டியை ஓட்டிக்கொண்டுபோய்க் கோயம்புத்தூர் ரோட்டை அடைத்தவர்களில் அவரும் ஒருவர். அநியாயக்கார முதலாளியின் சாமான்களைத் தொடமாட்டோம் என்ற தொழிலாளிகளும் அவளுக்குப் புரிந்தார்கள்.

ஆனால் அவள் திரும்பத் திரும்பப் படித்தது ஒஹையோ மாநிலத்து ஊர்ப் பெண்களைப் பற்றி. புருஷன் சம்பளம் முழுக்கச் சாராயக் கடைக்குப் போய்க்கொண்டிருந்தது. அவர்களுக்கு ஓட்டு கிடையாது. கோர்ட்டுக்குப் போனாலும் காதில் போட்டுக்கொள்ள ஆள் கிடையாது. எனவே ஒரு குளிர்காலத்தில் எழுந்து போய்க் கடை வாசலில் பனியில் முழங்காலிட்டார்கள். பாடினார்கள், ஜெபித்தார்கள், நகர மறுத்தார்கள். கடைக்காரர்கள் அழுக்குத் தண்ணீரை மேலே ஊற்றினார்கள். அப்படியும் போகவில்லை. சில ஊர்களில் கடைக்காரனே பீப்பாயைத் தெருவுக்கு உருட்டிக் கொண்டுவந்து உடைத்துவிட்டுத் தொழிலை விட்டான்.

அந்த வாரம்தான் அகிலன் ஸ்கூலிலிருந்து வந்து பையைக்கூட இறக்காமல் கேட்டான்: "அம்மா, வாஸ் அப்பா எ டிரங்க்?"

"அப்பா குடிகாரர்னு யார் சொன்னா?"

"எவ்ரிபடி."

அந்த ஞாயிற்றுக்கிழமை உடுமலைப்பேட்டையிலிருந்து மாமனார் கருப்பசாமி போன் பண்ணினார். அந்தப் பேச்சு அங்கேயும் போய்ச் சேர்ந்திருந்தது. "அம்மிணி, எம் பையன் குடிச்சுக் குடிச்சே செத்தானாமா? நீ ஒரு வார்த்தை எங்கிட்டச் சொல்லலியே" என்றார். அவர் அழுதிருந்தால் அவளால் தாங்கியிருக்க முடியும். அவர் வெட்கப்பட்டார்.

அடுத்த சனிக்கிழமை சாயங்காலம் அகிலனைக் குமாரசாமியின் மனைவி சாரதாவிடம் விட்டுவிட்டு, காரில் ஒரு மடக்கு நாற்காலியைப் போட்டுக்கொண்டு வான்மதி ஷுகர்லேண்ட் போனாள். சந்தானம் வீட்டுப் புல்வெளியைத் தொடாமல், நடைபாதையில் நாற்காலியை விரித்து உட்கார்ந்தாள். சனிக்கிழமைதோறும் அங்கே ஏதாவது ஒரு பார்ட்டி உண்டு. ஒவ்வொரு காராக வந்து நின்றது. இறங்குகிறவர்களிடம் அவள் எழுந்து ஒரே கேள்வி கேட்டாள்.

"திரும்பிப் போறப்போ யார் டிரைவ் பண்ணுவீங்க?"

வேறு எதுவும் இல்லை. சிலர் சிரித்தார்கள். சிலர் "எப்படிம்மா இருக்கே?" என்று சம்பந்தமில்லாமல் கேட்டுவிட்டு வேகமாக உள்ளே போனார்கள். ஒரு பெண்மணி மட்டும் நின்று, புருஷனைத் திரும்பிப் பார்த்தாள். அவன் கையிலிருந்த சாவியைப் பார்த்தாள்.

சந்தானம் வெளியே வந்தார். "வான்மதி, என்னம்மா இது? உள்ள வா. உள்ள வந்து பேசு."

"உங்க வீட்டுக்குள்ள வந்தவங்க எப்படித் திரும்பிப் போறாங்கன்னு தெரியும் சார். நான் இங்கயே இருக்கேன்."

அவருக்கு முகம் கறுத்தது. அதைப் பார்த்தபோது, திருமூர்த்தி போன பிறகு முதல்முறையாக அவளுக்குச் சந்தோஷம் மாதிரி ஒன்று வந்தது. அந்தச் சந்தோஷத்துக்காகவே அடுத்த சனிக்கிழமையும் போனாள். அதற்கடுத்ததும்.

மூன்றாம் வாரம் போலீஸ்காரர் ஒருவர் வந்தார். அவள் எதற்காக உட்கார்ந்திருக்கிறாள் என்று கேட்டார். சொன்னாள். அவர் தொப்பியைக் கழற்றித் தலையைச் சொறிந்துவிட்டு, நடைபாதை பொது இடம், இந்த அம்மா சத்தம் போடவில்லை, வழியையும் மறிக்கவில்லை, நான் செய்வதற்கு ஒன்றுமில்லை என்று சந்தானத்திடம் சொல்லிவிட்டுப் போனார்.

சங்கத்து ஆட்கள் தூது வந்தார்கள். தமிழர்களுக்கே அசிங்கம் என்றார்கள். வெள்ளைக்காரன் என்ன நினைப்பான் என்றார்கள். ஒருவர், "போனவன் திரும்பியா வரப்போறான்?" என்று கேட்டார்.

"வரமாட்டார். அவர் பேர் வரணும்."

மே மாதத்து வெயில் கொதித்தது. ஒரு சனிக்கிழமை நாலைந்து குடும்பங்கள் காரிலிருந்து இறங்கிக்கொண்டிருந்தபோது, புல்வெளி ஸ்பிரிங்க்லர்கள் திடீரென்று உயிர்பெற்றன. தண்ணீர் நேராக அவள்மேல் அடித்தது. அண்ணாந்து பார்த்தாள். மாடி ஜன்னலில் சந்தானம் நின்றிருந்தார். தண்ணீர் மண்வாசனையோடு மூக்கிலும் வாயிலும் ஏறியது. முழங்காலிட்ட அந்தப் பெண்களின்மேல் ஊற்றப்பட்ட வாளிகளை நினைத்துக்கொண்டாள். புடவை உடம்போடு ஒட்ட, நாற்காலியின் கைப்பிடியை இறுகப் பிடித்துக்கொண்டு, அந்த ஜன்னலையே பார்த்தபடி உட்கார்ந்திருந்தாள். எழுந்திருக்கவில்லை. இறங்கியவர்களில் இரண்டு குடும்பம் திரும்பவும் காரில் ஏறிப் போய்விட்டது.

மறுநாளே ஹில்கிராஃப்ட் தெருவின் இந்திய மளிகைக் கடைகள் முழுக்க அதே பேச்சு. புருஷன் செத்தவள்மேல் தண்ணியைத் திருப்பி விட்டானாம்.

அடுத்த வாரம் அவள் பக்கத்தில் இன்னொரு மடக்கு நாற்காலி விழுந்தது. சாரதா.

"உங்க கிரீன் கார்டு?" என்றாள் வான்மதி.

"வந்தா வரட்டும். வராட்டி திருப்பூர்ல எங்கண்ணன் கம்பெனியில வேலை இருக்கு. குமாருக்கு ஆறு மாசமா தூக்கம் இல்லை. எனக்கும் அவரைப் பாத்துப் பாத்துச் சலிச்சுப்போச்சு."

ஜூனில் எட்டுப் பெண்கள் உட்கார்ந்தார்கள். யாரும் கோஷம் போடவில்லை. காரிலிருந்து இறங்குகிற ஒவ்வொருவரிடமும் அதே கேள்வி. தங்கள் புருஷன் இந்த வீட்டிலிருந்து எப்படி வண்டி ஓட்டி வந்திருக்கிறான் என்று ஒவ்வொருத்திக்கும் சொல்ல ஒரு கதை இருந்தது. பிறகு கார்கள் குறைந்தன. ஒரு சனிக்கிழமை ஒன்றுகூட வரவில்லை. வாசல் விளக்குகள் எல்லாம் எரிந்துகொண்டிருக்க, வீடு வெறிச்சோடிக் கிடந்தது.

அன்று சந்தானம் இறங்கி வந்தார். இளைத்திருந்தார். "உனக்கு என்னதான் வேணும்?"

"அன்னிக்கு எல்லார் முன்னாடியும் சொன்னீங்களே, அதை மாத்திச் சொல்லுங்க. என் மாமனாருக்குப் போன் போட்டுச் சொல்லுங்க."

"நான் பொய் சொல்லலை. அவன் குடிச்சுட்டுதான்..."

"போதும்." குரல் அவருக்குப் பின்னாலிருந்து வந்தது. ஷ்யாமளா வாசற்படியில் நின்றிருந்தாள். எட்டுப் பெண்களையும் பார்த்துச் சொன்னாள். "திருமூர்த்தி சாவியை நான்தான் வாங்கி டிராயர்ல வெச்சேன். இவர் வந்து பிடுங்கினார். என் கையைத் திருகித்தான் பிடுங்கினார். அந்தப் பையன் படுத்துக்கறேன்னு கெஞ்சினான்."

சந்தானம் மனைவியை அடித்துவிடுவார் போலப் பார்த்தார். பிறகு எட்டு ஜோடிக் கண்களைப் பார்த்தார்.

ஷ்யாமளாவே உள்ளே போய்க் கார்ட்லெஸ் போனைக் கொண்டுவந்தாள். வான்மதி நம்பரைப் போட்டு, ஸ்பீக்கரை அழுத்தி, அவர் கையில் கொடுத்தாள். உடுமலையில் விடிந்துகொண்டிருந்தது.

சந்தானம் தொண்டையைக் கனைத்துக்கொண்டு சொன்னார். உங்கள் பையன் குடிகாரன் இல்லை. நான்தான் வற்புறுத்திக் கொடுத்தேன். சாவியையும் நான்தான் கொடுத்தேன். பயத்தில் பொய் சொல்லிவிட்டேன். சொல்லச் சொல்ல அவர் குரல் உடைந்தது. வான்மதி ஒரு சொல்கூட விடாமல் கேட்டாள். அவர் திணறியபோது உதவவில்லை.

பிறகு கருப்பசாமி கேட்டார்:

"படுத்துக்கறேன்னு சொன்ன பையன்கிட்ட எதுக்குங்க சாவியைக் குடுத்தீங்க?"

சந்தானம் போனை வாயிலிருந்து விலக்கிப் பிடித்தார். கருப்பசாமி இன்னொரு தடவை அதையே கேட்டார். அப்புறம் போனை வைத்துவிட்டார்.

சந்தானம் கைகளைக் கூப்பினார். "என்னை மன்னிச்சுடும்மா."

"மாட்டேன்," என்றாள் வான்மதி.

சங்கத் தலைவர் பதவியை அவர் அந்த வாரமே விட்டார். பெண்கள் அவரவர் வீட்டுக்குத் திரும்பினார்கள். ஆனால் அடுத்த சனிக்கிழமை சாயங்காலம் வான்மதியின் கார் தன்னால் ஷுகர்லேண்ட் பக்கம் திரும்பியது. இந்தத் தடவை தனியாக. ஷ்யாமளா வெளியே வந்து, புல்வெளி ஓரமாக நின்றாள்.

"சொல்லச் சொன்னதைச் சொல்லிட்டாரே. இன்னும் என்ன?"

"அவர் சொன்னது மாமனாருக்காகவும் என் பையனுக்காகவும். எனக்கு இன்னும் ஆறலை."

ஷ்யாமளா வாதாடவில்லை. உள்ளே போய் ஜன்னல் திரையை இழுத்துவிட்டாள். கோடை முடியும் வரை வான்மதி வந்துகொண்டிருந்தாள். அந்த வீட்டு வாசலில் விற்பனைப் பலகை ஏறிய பிறகும் வந்தாள். ஷ்யாமளா கலிஃபோர்னியாவில் தம்பி வீட்டுக்குப் போய்விட்டதாகச் சொன்னார்கள். சந்தானம் ஒரு அபார்ட்மெண்டில் தனியாக இருந்தார். அந்த முகவரியைத் தேடி அவள் போகவில்லை. நினைத்தாள், ஆனால் போகவில்லை.

அடுத்த வருஷம் ஒரு மதியம் ஹில்கிராஃப்டில் ஒரு ஓட்டலுக்குள் அகிலனோடு நுழைந்தபோது, ஜன்னலோர மேஜையில் சந்தானம் உட்கார்ந்திருந்தார். முன்னால் பாதி தின்ற தோசை. அவளைப் பார்த்ததும் எழுந்தார். பணத்தை மேஜைமேல் வைத்துவிட்டு, யார் முகத்தையும் பார்க்காமல் வெளியே போனார்.

சர்வர் வந்து வேறு மேஜை தரட்டுமா என்று கேட்டான்.

"வேண்டாம், இங்கயே உட்கார்றோம்," என்றாள் வான்மதி. அந்தத் தட்டை எடுக்கச் சொல்லிவிட்டு, அவர் உட்கார்ந்திருந்த நாற்காலியில் உட்கார்ந்தாள். அகிலன் மெனு கார்டைப் பிரித்தான். அவளுக்கு நன்றாகப் பசித்தது.