எடை இல்லாத வரிகள்

அடுத்தவர் நோயைப் படிப்பதுதான் என் வேலை. நோயாளியை நான் பார்ப்பதில்லை. டாக்டர் எழுதிய குறிப்பு திரையில் வரும். அதற்குள் என்னென்ன நோய் இருக்கிறது என்று கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு தேடி, ஒவ்வொன்றுக்கும் உரிய எண்ணைப் போட வேண்டும். சில நோய்களுக்கு எடை உண்டு. இந்த ஆள் அடுத்த வருடம் எவ்வளவு செலவு வைப்பார் என்று காப்பீட்டுக் கம்பெனி முடிவு செய்வது அந்த எடையை வைத்துத்தான். அந்தக் கணக்குக்கு ரிஸ்க் என்று பெயர். இதயம் கெட்டால் எடை, சிறுநீரகம் கெட்டால் எடை. மூட்டுவலிக்கு எடை கிடையாது. ராத்திரியெல்லாம் அலறினாலும் கிடையாது.

இந்த வேலைக்கென்று ஒரு சான்றிதழ்த் தேர்வு இருக்கிறது. நூறு கேள்வி, நான்கு மணி நேரம், எழுபது வாங்கினால் தேர்ச்சி. முதல் தடவை அறுபத்தாறில் கோட்டை விட்டேன். ஆபீஸில் நான் அப்போது பயிற்சியாளர். இரண்டாவது தடவையும் போனால் மூட்டையைக் கட்ட வேண்டியதுதான் என்று எழுத்திலேயே கொடுத்துவிட்டார்கள். தேறினால் நிரந்தர வேலை. எனக்கு வேலை நிரந்தரமானால் அக்கா தன் வேலையை விட்டுவிடுவாள். எங்கள் இரண்டு பேருக்கும் அதுதான் பேச்சு.

அக்கா என்னைவிடப் பதினான்கு வயது மூத்தவள். பேருந்து நிலையத்தில் டிக்கெட் கவுன்ட்டரில் உட்கார்ந்திருந்தாள். கண்ணாடிக் கூண்டு, ஒரு நாற்காலி, ஒரு மின்விசிறி, கை நுழைகிற அளவுக்கு ஓர் ஓட்டை. மாற்று ஆள் வந்தால்தான் எழுந்து வெளியே போகலாம். அந்த மாற்று ஆள் டீ குடிக்கப் போனால் செடி நட்டு, இலை பறித்து, காயவைத்துக் குடித்துவிட்டுத்தான் வருவார் என்பாள். சொல்லிவிட்டு அவளே சிரிப்பாள். அவளுக்கு இரண்டு வருடமாக இதயம் பலவீனம். காலில் நீர் கோத்துக்கொள்ளும், மாடி ஏறினால் மூச்சு வாங்கும். நீரை வெளியேற்ற தினம் காலையில் ஒரு மாத்திரை.

எங்கள் தொழிலில் ஒரு வேடிக்கை உண்டு. ஒவ்வொரு வருடமும் ஜனவரி ஒன்றாம் தேதி எல்லாருடைய நோயும் கணக்கிலிருந்து அழிந்துவிடும். டாக்டர் மறுபடி பார்த்து மறுபடி எழுதினால்தான் நோய் உண்டு. வெட்டி எடுத்த காலாக இருந்தாலும், இந்த வருடமும் கால் இல்லை என்று யாராவது எழுத வேண்டும். இதை அக்காவிடம் சொன்னபோது, "அப்போ ஒண்ணாந்தேதி நான் மாடிப்படியில ஓடி வரலாமா?" என்று கேட்டாள்.

எனக்குப் பாடம் எடுத்தவருக்கு ஆபீஸில் ஸ்டாப்வாட்ச் என்று பட்டப்பெயர். ஒரு குறிப்பைப் படிக்கப் பன்னிரண்டு நிமிடம்தான் தருவார். "நீ தோத்தது அறிவு இல்லாம இல்லம்மா. நீ கதை படிக்கிறே. அவர் வீட்ல யாரு இருக்காங்க, என்ன சாப்பிட்டார், இதெல்லாம் உனக்கெதுக்கு? எடை இல்லாத வரியைப் பென்சிலால அடிச்சிட்டுப் போயிட்டே இரு. அடிச்ச வரிக்குக் கண்ணு திரும்பப் போகாது," என்றார். எனக்கு ரோஷம் வந்துவிட்டது. அன்றிலிருந்து அடிக்க ஆரம்பித்தேன். பயிற்சித் தாள்களை அடித்து அடித்து இரண்டு பென்சில் தீர்ந்தது. நேரமும் குறைந்தது. பயிற்சித் தேர்வில் எழுபத்தெட்டு, எண்பது என்று ஏறியது. தலைகால் புரியவில்லை எனக்கு.

தேர்வுக்கு மூன்று வாரம் இருக்கும்போது, ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில் அக்கா தன் ஆஸ்பத்திரி ஃபைலைக் கொண்டுவந்து மேஜைமேல் வைத்தாள்.

"படிச்சுப் பழக நிஜப் பேப்பர் கிடைச்சா நல்லாருக்கும்னு சொன்னியே. என்னுது இருக்கு, பாரு."

"உன்னுதா? ஒரே மாதிரியே இருக்குமேக்கா."

"இருக்கட்டும். பாரேன்."

கைபேசியில் பன்னிரண்டு நிமிடம் வைத்துக்கொண்டு உட்கார்ந்தேன். மூன்று தடவை டாக்டரிடம் போன குறிப்புகள், மொத்தம் ஒன்பது பக்கம். இதயச் செயலிழப்பு, எடை உண்டு. சர்க்கரையால் வந்த சிறுநீரகக் கோளாறு, உண்டு. இதயத் துடிப்பு சீராக இல்லை, உண்டு. மூட்டுவலி, அடி. கண்புரை, அடி. மற்றதெல்லாம் பேச்சு, அதனால் அடி. ஒன்பதாவது நிமிடத்தில் முடித்துவிட்டேன். அக்கா தொட்டியடியில் ஒரே தட்டை நெடுநேரமாகக் கழுவிக்கொண்டிருந்தாள்.

"முடிச்சிட்டேன். நீ ரொம்ப எடையான ஆளுக்கா."

"எல்லாத்தையும் படிச்சியா?"

"எழுத்து விடாம."

கையைத் துடைத்துக்கொண்டு வந்து ஃபைலைப் புரட்டினாள். நான் அதற்குள் புத்தகத்தைத் திறந்து அடுத்த பாடத்துக்குப் போய்விட்டேன்.

"இந்தப் பென்சில் கோடெல்லாம் என்ன?"

"எடை இல்லாதது. ரிஸ்க்ல சேராது."

"சேராதா?" ஒரு பக்கத்தில் விரலை வைத்தாள். "இதுவுமா?"

"அடிச்சிருந்தா அதுவும்தான்." தலையை நிமிர்த்தாமல் சொன்னேன்.

"சரி," என்றாள். ஃபைலை எடுத்துக்கொண்டு போய் அலமாரிமேல் வைத்தாள். பிறகு தோசைக்கல்லைத் தேடினாள், அது எதிரிலேயே இருந்தது. இதெல்லாம் எனக்கு இப்போது வரிசையாக நினைவுக்கு வருகிறது. அன்றைக்கு ஒன்பது நிமிடம் என்பது மட்டும்தான் மண்டையில் இருந்தது.

தேர்வு ஒரு சனிக்கிழமை. அக்காவுக்கும் அன்று வேலை இருந்ததால் பேருந்து நிலையத்துக்குச் சேர்ந்தே கிளம்பினோம். அவளுக்குச் செருப்பின் வார் மாட்டவில்லை. கால் அவ்வளவு வீங்கியிருந்தது. இரண்டு தடவை நின்றாள். எனக்கு மூக்கின்மேல் கோபம்.

"இன்னைக்குப் பார்த்து இப்படிப் பண்றியேக்கா. பஸ் போயிடும்."

"நீ முன்னால போ. நான் மெல்ல வர்றேன்."

முன்னால் போனேன். திரும்பிப் பார்க்கவில்லை.

தேர்வு அறையில் கைபேசியை வாங்கிப் பூட்டிவிட்டார்கள். அறுபதாவது கேள்வியோ என்னவோ, இதயச் செயலிழப்பு உள்ள ஒரு பெண், மாத்திரையைத் தானாகவே நிறுத்திவிட்டாள், மூச்சுத் திணறலோடு வருகிறாள். இவற்றில் எடை உள்ளது எது? மாத்திரையை நிறுத்தியதற்கும் ஓர் எண் உண்டு, ஆனால் எடை கிடையாது. கண்ணை மூடிக்கொண்டு விடை போட்டேன். எல்லாக் கேள்வியும் முடிந்தபோது அரை மணி நேரம் மிச்சம் இருந்தது.

வெளியே வந்து கைபேசியைத் திறந்தால் பதினோரு அழைப்பு. எல்லாம் கவுன்ட்டர் மேற்பார்வையாளர். அக்கா கூண்டுக்குள்ளேயே சரிந்துவிட்டாள் என்றார். வரிசையில் நின்றவர்கள், சில்லறை எடுக்கக் குனிகிறாள் என்று நினைத்துக் கொஞ்ச நேரம் காத்திருந்தார்களாம்.

அவசரப் பிரிவில் ஒரு சின்ன வயது டாக்டரம்மா இருந்தார். நுரையீரல் முழுக்க நீர் என்றார். "என்ன மாத்திரை சாப்பிடறாங்க, பழைய பேப்பர் எதாவது இருக்கா?" என்று கேட்டார். வீட்டுக்கு ஓடி அலமாரிமேல் இருந்த ஃபைலை எடுத்துவந்து கொடுத்தேன். நின்றபடியே புரட்டினார். ஒரு பக்கம் வந்ததும் புரட்டுவதை நிறுத்தினார். மறுபடி முன்பக்கம் போய்ப் பார்த்தார்.

"இதையெல்லாம் யார் அடிச்சது?"

"நான்தான் டாக்டர். பரீட்சைக்குப் படிக்க..."

ஃபைலை என் பக்கம் திருப்பிக் காட்டினார். முதல் குறிப்பில் இருந்தது: வேலை நாட்களில் நீர் மாத்திரை எடுப்பதில்லை, அடிக்கடி கழிப்பறை போகக் கவுன்ட்டரை விட்டு எழ முடியாது என்கிறார். இரண்டாவதில்: இன்னும் அப்படியே, ஆபத்தை எடுத்துச் சொன்னேன், தங்கையின் தேர்வு முடியும்வரை வேலையை விட முடியாது என்கிறார். மூன்றாவதில்: வீட்டில் சொல்லும்படி வற்புறுத்தினேன், வாயால் சொல்ல வரவில்லை, இந்தப் பக்கத்தைத் தங்கையிடம் காட்டுவதாகச் சொன்னார்.

மூன்றின் மேலும் கோடு. ஸ்கேல் வைத்து அடித்ததுபோல நேராக இருந்தது.

மறுநாள் மத்தியானம் அக்கா கண் விழித்தாள். முகத்தில் மூச்சுக் கவசம். பக்கத்தில் உட்கார்ந்து அவள் கையைப் பிடித்துக்கொண்டேன். கேட்காமல் இருந்திருக்கலாம், ஆனால் என்னால் முடியவில்லை.

"ஏங்க்கா வாயைத் திறந்து ஒரு வார்த்தை சொல்லல?"

கவசத்தைக் கொஞ்சம் நகர்த்தினாள்.

"காட்டினேனே. நீதான் ரிஸ்க்ல சேராதுன்னு சொன்னே." மூச்சு வாங்கிக்கொண்டாள். "அதை எழுதின டாக்டர் சும்மா பயமுறுத்துறார்னு நினைச்சுக்கிட்டேன். நீ அதுக்குன்னே படிக்கிறவ. உனக்குத் தெரியாதா? அதுக்கப்புறம் நிம்மதியா இருந்துச்சு."

அவள் என்னைக் குத்திக்காட்டச் சொல்லவில்லை. முகத்தைப் பார்த்தேன், துளிக்கூட அது இல்லை. திட்டியிருந்தால் காலில் விழுந்திருப்பேன். நிம்மதியாக இருந்தது என்றவளிடம் என்ன சொல்வது? நகர்ந்திருந்த கவசத்தை மறுபடி சரியாக வைத்துவிட்டேன்.

அன்று சாயங்காலமே முடிவு வந்தது. எண்பத்து மூன்று. கைபேசியை அவள் கண்ணுக்கு நேரே காட்டினேன்.

"அப்போ நான் வேலையை விட்டுடலாம்," என்றாள். "லெட்டர் எழுது. கையெழுத்துப் போடுறேன்."

மருந்துச் சீட்டின் பின்பக்கத்தில் எழுதினேன். உடல்நிலை காரணமாக என்று ஆரம்பித்ததை வெட்டச் சொன்னாள். தங்கைக்கு நல்ல வேலை கிடைத்துவிட்டபடியால் என்று போடு என்றாள். அப்படியே போட்டேன். நர்ஸ் வந்து போதும், தூங்கவிடு என்றார். காலையில் கையெழுத்து வாங்கிக்கொள்ளலாம் என்று மடித்து வைத்தேன். காலை ஐந்து மணிக்கு அக்கா போய்விட்டாள்.

சான்றிதழ் தபாலில் வந்தது. ஆபீஸில் நிரந்தர மேஜை கொடுத்திருக்கிறார்கள், நாற்காலிக்குச் சக்கரம் உண்டு. ஒரு குறிப்புக்கு எனக்கு இப்போது அரை மணி நேரம் ஆகிறது. நேற்று திரையில் ஓர் ஆள் வந்தார். வயது அறுபத்தொன்று, சர்க்கரை ஊசியைப் பாதியாகக் குறைத்துப் போட்டுக்கொள்கிறார், மகனிடம் சொல்ல வேண்டாம் என்கிறார். அவர் யார், எங்கே இருக்கிறார், ஒன்றும் தெரியாது. தெரிந்தாலும் நான் யாரிடமும் சொல்லக்கூடாது, அதுவும் விதி. சர்க்கரைக்கு எண் போட்டுவிட்டு அந்த வரியை மறுபடி படித்தேன்.

ஸ்டாப்வாட்ச் பின்னால் வந்து நின்றார்.

"எடை இல்லாத வரியில என்னம்மா பண்றே இவ்வளவு நேரமா?"

"படிக்கிறேன் சார்," என்றேன்.