கண் மூடிய படங்கள்

எங்கள் கல்யாணப் படங்கள் ஒன்றரை வருடமாக ஒரு ஹார்ட் டிஸ்க்குக்குள் கிடந்தன. போட்டோகிராபர் ராஜ்கமல் அதை என் கையில் கொடுத்து, "நீங்க செலக்ட் பண்ணிக் குடுங்கக்கா, ஒரே வாரத்துல ஆல்பம் போட்டுடலாம்" என்றான். அந்த ஒரு வாரம் வரவே இல்லை. ஆறாயிரத்துக்கு மேல் படங்கள். எதற்கும் பெயர் கிடையாது, வெறும் நம்பர்தான். திறப்பேன், கொஞ்சம் பார்ப்பேன், கொட்டாவி வரும், மூடிவிடுவேன்.

ஏழாம் மாதம் தொடங்கியதும் எனக்கு வெறியே பிடித்துவிட்டது. வளைகாப்புக்குள் ஆல்பம் கையில் இருந்தாக வேண்டும். பிள்ளை பிறந்துவிட்டால் அவ்வளவுதான், அதன் படங்களே பத்தாயிரம் சேர்ந்துவிடும். "ஏங்க, இதுக்குன்னே சாஃப்ட்வேர் இருக்குதாமே?" என்று என் கணவர் தமிழ்மணியிடம் கேட்டேன். மனிதர் அதற்காகவே காத்திருந்தவர்போல லேப்டாப்பைத் தூக்கிக்கொண்டு வந்து பக்கத்தில் உட்கார்ந்தார்.

அன்று ஞாயிற்றுக்கிழமை. செம்மண்டலத்தில் எங்கள் வீட்டுக் கூடத்தில் சமையலும் இல்லை, டிவியும் இல்லை. மூன்று சாஃப்ட்வேர்களை இறக்கினோம். பெயர்கள் வாயில் நுழையாததால் அதனதன் ஐகானை வைத்து நாங்களே பெயர் வைத்துக்கொண்டோம். முதலாவது சக்கரம். எடிட்டிங்கில் அசுர வேலை செய்தது. இருட்டில் எடுத்த படத்தைப் பட்டப்பகலாக்கியது. ஆனால் லேப்டாப் ஃபேன் மிக்ஸி மாதிரி அலறியது. இரண்டாவது கட்டம். சாது. நாள், நேரம் பார்த்துப் படங்களை வரிசையாக அடுக்கும், இரண்டு படங்களைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்துக் காட்டும். எது நல்லது என்று மட்டும் வாயைத் திறக்காது, நாம்தான் சொல்ல வேண்டும். மூன்றாவது கிளி. அதுதான் என் மனதை அள்ளிக்கொண்டு போனது.

கிளி முகங்களைத் தானே கண்டுபிடித்தது. என் மாமியார் எங்கெங்கே நிற்கிறாரோ அத்தனை படங்களையும் ஒரே இடத்தில் குவித்தது. நான் கை தட்டினேன். ஆனால் என்னை மட்டும் இரண்டு ஆளாகப் பிரித்து வைத்திருந்தது. முகூர்த்தத்துக்கு ஒருத்தி, ரிசப்ஷனுக்கு வேறொருத்தி.

"எனக்கும் அன்னைக்கு அந்த சந்தேகம் இருந்துச்சு. பியூட்டி பார்லர்காரம்மா வேலை கொஞ்சம் ஜாஸ்திதான்" என்றார் தமிழ்மணி.

"ஒங்களை மட்டும் எப்புடி ஒரே ஆளா கண்டுபுடிச்சிது? எல்லா படத்துலயும் அதே திருட்டு முழி."

கிளியில் இன்னொரு பொத்தான் இருந்தது. ஆடிப்போனவை, மங்கலானவை, ஒரே மாதிரியானவை எல்லாவற்றையும் கழித்துவிட்டு நல்ல படங்களை மட்டும் தானே பொறுக்கித் தரும். "வாணாம் காயத்ரி, கட்டத்துலயே நாமளே ஒண்ணொண்ணா பாத்துக்கலாம்" என்றார் தமிழ்மணி. பொறுமைக்கும் எனக்கும் என்ன சம்பந்தம்? அழுத்திவிட்டேன். நாங்கள் கடையில் வாங்கியதைச் சாப்பிட்டுக் கை கழுவுவதற்குள் முந்நூறு படங்கள் வரிசையில் நின்றன. ஒவ்வொன்றும் பளிச்சென்று, எல்லோரும் சிரித்துக்கொண்டு. சந்தோஷத்தில் எனக்குத் தலைகால் புரியவில்லை. ஒருமுறை முழுதாகப் பார்த்திருக்கலாம். பார்க்காமலே, 'இதுதான் ஆல்பம்' என்று எழுதி அத்தனையையும் சொந்தக்காரர்களின் வாட்ஸ்அப் குரூப்பில் ஏற்றிவிட்டேன்.

பூவும் இதயமுமாக வந்து குவிந்தன. நடுவே ஒரு வரி விழுந்தது. என் தாய்மாமன் உத்திராபதி குரூப்பை விட்டு வெளியேறிவிட்டார்.

போன் போட்டேன். எடுக்கவில்லை. மறுபடி போட்டதும் அத்தை ஞானாம்பாள் எடுத்தார். "ஏன்டி, ஊர்ல இருக்கிறவன் எல்லாம் இருக்கான். சமையக்காரர் கூட ரெண்டு படத்துல இருக்காரு. பட்டம் கட்டுன மனுசன் ஒண்ணுத்துல கூட இல்லியே? வளைகாப்புக்கு வரமாட்டாராம். வளையலை கொரியர்ல அனுப்பறாராம்."

எனக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை. அப்பாவுக்குக் கம்மாபுரம் பக்கம் சுரங்கத்தில் ஷிப்ட் வேலை. அதனால் நான் ஒன்றாம் வகுப்பிலிருந்து கல்லூரி வரை படித்ததெல்லாம் சிதம்பரத்தில், மாமா வீட்டில் இருந்துதான். அவருக்குப் பிள்ளைகள் இல்லை. எங்கள் பக்கத்தில் தாலி கட்டுவதற்கு முன்னால் தாய்மாமன் பெண்ணின் நெற்றியில் பொன்தகட்டுப் பட்டம் கட்ட வேண்டும். அதைக் கட்டியவரையே காணோம் என்றால் யாருக்குத்தான் பொறுக்கும்? அவர் கை படாத வளையலை நான் எப்படிப் போட்டுக்கொள்வேன்?

கிளி கழித்துப் போட்ட படங்களைத் திறந்தேன். பட்டம் கட்டும் படங்கள் எல்லாம் மொத்தமாக அங்கே கிடந்தன. ஒவ்வொன்றுக்கும் கீழே ஒரே காரணம்தான் எழுதியிருந்தது. கண் மூடியுள்ளது. மாமா குனிந்து என் தலைக்குப் பின்னால் முடிச்சுப் போடுகிறார். நான் கண்ணை மூடியிருக்கிறேன். அவரும் மூடியிருக்கிறார். மண்டபத்தில் வேறெங்கும் அவர் படத்துக்கு நிற்கவில்லை, பந்தியைக் கவனிப்பதிலேயே கிடந்திருக்கிறார். கிளியின் கழுத்தைத் திருகலாம் போல ஆத்திரம் வந்தது. அதைவிட அதிக ஆத்திரம் என்மேல்தான்.

"கிளியிலயே கண்ணைத் தொறக்கிற வசதியும் இருக்குது பாரு" என்று தமிழ்மணி காட்டினார். வேறு படங்களிலிருந்து கண்களை எடுத்துப் பொருத்தி, நான்கு கண்களையும் திறந்து, மாமாவுக்கு ஒரு புன்னகையும் வைத்துக் கொடுத்தது. பிரமாதமாக இருந்தது. எனக்கு உயிர் திரும்பி வந்தது. மறுநாள் காலையிலேயே லேப்டாப்பைத் தமிழ்மணி தோளில் மாட்டிவிட்டு இருவரும் சிதம்பரம் பஸ் ஏறினோம். ஆலப்பாக்கம், புதுச்சத்திரம் என்று ஒவ்வொரு ஊர் தாண்டும்போதும் அந்தப் படம் மாமாவைக் குளிர வைத்துவிடும் என்ற நம்பிக்கை ஏறிக்கொண்டே போனது.

மேலவீதிக்குப் பக்கத்துச் சந்தில் மாமாவின் மின்சாமான் கடை. ஃபேன் பெட்டிகளுக்கு நடுவே உட்கார்ந்திருந்தவர், என்னைக் கண்டதும் ஒரு ஸ்விட்ச் போர்டைக் கழற்றத் தொடங்கினார்.

"வாங்க மாப்ள" என்றார். தமிழ்மணியைப் பார்த்துத்தான். என் வயிற்றைப் பார்த்துவிட்டு நாற்காலியை மட்டும் காலால் என் பக்கம் தள்ளினார்.

"மாமா, தப்பு என்னுதுதான். படத்தைத் தேடி எடுத்துக்கிட்டு வந்துட்டேன். பாருங்க" என்று லேப்டாப்பை அவர் மேஜையில் விரித்தேன்.

மூக்குக்கண்ணாடியைப் போட்டுக்கொண்டு குனிந்தார். நெடுநேரம் பார்த்தார். நான் அவர் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

"யார்றீ இது?"

"நீங்கதான் மாமா."

"நான் இல்ல. எவனோ ஓட்டுக் கேக்க வந்தவன் மாதிரி இளிச்சிக்கிட்டு நிக்கிறான். எடுத்துக்கிட்டுப் போ."

எனக்கு மூக்கு நுனியில் நிற்கும் கோபம் அப்போது பொத்துக்கொண்டு வந்தது. "சிரிக்கிறதுதான் புடிக்கலியா? இந்தாங்க, உள்ளபடி எடுத்ததைப் பாருங்க. ஆல்பத்துல போடற மாதிரியா இருக்குது? முடிச்சுப் போடற ஒரு படத்துலயாவது கண்ணைத் தொறந்து வச்சிருக்கீங்களா?" என்று கட்டத்தைத் திறந்தேன். பட்டம் கட்டும் படங்கள் அது பாட்டுக்கு எடுத்த வரிசையிலேயே நின்றன. ஒன்றன்பின் ஒன்றாகத் தள்ளினேன். பட்டத்தை இரண்டு கையாலும் பிடித்து வருகிறார், நான் அதற்குள் கண்ணை மூடியிருக்கிறேன். என் நெற்றியில் வைக்கிறார். அவர் என்னை ஒரு பார்வை பார்க்கிறார். அவரும் மூடுகிறார். கண்ணோரத்தில் ஈரம் வழிந்து மீசையில் நிற்கிறது. முடிச்சுப் போட்டு முடியும்வரை அவர் திறக்கவே இல்லை.

மாமா ஸ்விட்ச் போர்டைக் கீழே வைத்தார். கண்ணாடியைக் கழற்றித் துண்டால் துடைத்தார்.

"தொறந்திருந்தா ஒன்ன அனுப்பியிருக்க மாட்டேன்டி" என்றார். "மண்டபம்னு கூட பாக்காம கையப் புடிச்சி இட்டுக்கிட்டு வூட்டுக்கு வந்திருப்பேன். அதான் இறுக்க மூடிக்கிட்டேன். இதையே போடு. முழுப் பக்கத்துக்குப் போடு."

தமிழ்மணி கடை வாசலுக்குப் போய்த் தெருவைப் பார்த்துக்கொண்டு நின்றார். நானும் அன்றைக்கு அதற்காகத்தான் கண்ணை மூடியிருந்தேன் என்று மாமாவிடம் சொல்ல வாயெடுத்தேன். அழுகைதான் வந்தது.